மூன்றாவது ஓலை

லிபினைத் தோற்கடிக்க வேண்டும் என்று ஜோமோள் அந்த மழைக்காலம் முழுக்க அவன் விளையாடுவதைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

கொச்சியில் வேலை பார்க்கும் ஜிஜோ கொண்டுவந்த பலகை விளையாட்டு. இரண்டு ராஜ்யங்கள். இரண்டுக்கும் சாமி ஒன்றுதான். ஆனால் ஒருவன் மற்றவனை மதத்துரோகி என்று சொல்லிப் படையெடுப்பான். ஆளுக்கு ஒரு தலைநகர், ஒரு கோயில். தலைநகர் விழுந்தால் ஆட்டம் முடிந்தது. தோற்ற ராஜா எழுந்து நின்று, ஜெயித்தவர் சொல்லிக்கொடுக்கும் வாசகத்தை எல்லார் காதிலும் விழும்படி சொல்லிச் சரணடைய வேண்டும். ஞாயிறு பூசை முடிந்ததும் கம்பம்மெட்டுப் பங்குக் கூடத்தில் கூட்டம் சேர்வதே அந்த வாசகத்துக்காகத்தான். "நான் கோழி திருடுனவன்" என்று ஜோமோன் என்ற பையனைச் சொல்லவைத்து எல்லாரையும் சிரிக்கவைத்தவன் லிபின். அவன் தோற்றதே இல்லை.

கல்யாணத்துக்கு முன் மூன்று ஞாயிறு பூசையில் ஓலை வாசிப்பார்கள். இன்னாருக்கும் இன்னாருக்கும் திருமணம், தடை தெரிந்தவர்கள் சொல்லலாம் என்று பங்குச் சாமியார் அறிவிப்பார். ஜோமோளுக்கும் லிபினுக்கும் முன்பு இரண்டு ஓலை வாசித்திருந்தார்கள். மூன்றாவது ஞாயிறு அவள் புதுச்சேலை கட்டி முன்வரிசையில் இருந்தாள். அவள் பெயர் வரவில்லை. வெளிநாடு போகவிருந்த நர்ஸ் ஒருத்தியின் வரன் லிபினுக்கு வந்திருந்தது. காரணம் வேண்டுமே, ஜோமோளுக்கு வலிப்பு என்று சொல்லிவிட்டான். அந்த நர்ஸும் பிறகு அவனைக் கட்டவில்லை. வலிப்பு மட்டும் ஜோமோள் பெயரோடு ஒட்டிக்கொண்டது. பெண் பார்க்க வந்தவர்கள் அவள் காபி நீட்டும்போது கையையே பார்த்தார்கள்.

"விட்ருடி. கர்த்தர் பாத்துக்கிடுவாரு" என்றாள் அம்மா செபமாலையம்மாள்.

"அவருக்கு ஆயிரம் சோலி கெடக்கும்மா. இத நான் பாத்துக்கிடுதேன்."

ஒன்று அவளுக்குப் பிடிபட்டது. லிபின் பூசையில் சாமியாருக்கு உதவும் பீடச்சிறுவனாக வளர்ந்தவன். கை பட்டு அவனுடைய கோயில் காய் சாய்ந்தால் உடனே நிமிர்த்திவைத்து நெற்றியில் சிலுவை போட்டுக்கொள்வான். கோயில் போனால் ஆட்டம் போகாது. அதனால் இதுவரை யாரும் அதைத் தாக்கியதில்லை.

மழைக்காலம் முடியும் முன் ஒரு ஞாயிறு அவள் போய் அவனுக்கு எதிரே உட்கார்ந்தாள். கூட்டம் நெருங்கி வந்தது.

"ஒனக்கு எதுக்கு யுத்தம்? பாதி ஆட்டத்துல விழுந்து கிழுந்து வச்சிராத" என்றான் லிபின். இரண்டு பேர் சிரித்தார்கள்.

"நான் விழுறது இருக்கட்டும். காய நகத்து."

அவள் தலைநகர்ப் பக்கமே போகவில்லை. தீவெட்டிக்காரர்களைக் கொண்டுபோய் அவன் கோயில் வாசலில் நிறுத்தினாள்.

"ஏ புள்ள! கோயிலயா கொளுத்தப்போற?"

"மதத்துரோகி கோயில்தான. நல்லா எரியும்."

அவன் தலைநகரிலிருந்து ஒரு படையை இழுத்தான். அவள் இன்னும் தீவெட்டிகளைச் சேர்த்தாள். அவன் இன்னொரு படையை இழுத்தான்.

"லேய், தலைநகர் காலியாவுதுடா" என்றான் ஜிஜோ.

"அதுக்காக கோயில விடச் சொல்லுதியா சேட்டா?"

கடைசி வாசல்காவலையும் அவன் கோயிலுக்கு அனுப்பினான். மலைக்குப் பின்னால் காத்திருந்த அவளுடைய குதிரைப்படை தலைநகருக்குள் நுழைந்தது.

லிபின் எழுந்து இளித்தான். "சொல்லு. கோழியா, ஆடா?"

"ஜோமோளுக்கு வலிப்பு இல்ல. நான் பொய் சொன்னேன்."

லிபின் ஜிஜோவைப் பார்த்தான். "இது சரியில்ல சேட்டா."

"ஜெயிச்சவ சொல்லுறதுதான் வாசகம்."

"நான் கோழி திருடுனேன்னு சொல்லலியா? சொல்லுல!" என்றான் பின்னாலிருந்து ஜோமோன்.

லிபின் முணுமுணுத்தான்.

"கேக்கல" என்றாள் ஜோமோள்.

சத்தமாகச் சொன்னான். பிறகு கூட்டத்தைப் பார்த்துக் கண்ணடித்தான். "போதுமா? வெளையாட்டுக்குத்தான."

"ஓலைன்னா மூணு, லிபினு." சுவரில் சிலுவையில் தொங்கிய பாடுபட்ட சுரூபத்தைக் காட்டினாள். "மூணாவது அங்க பாத்துச் சொல்லு. நெசமில்லன்னா சொல்லாத."

அவன் திரும்பினான். வெகுநேரம் முதுகுதான் தெரிந்தது. வாசலில் குடையோடு நின்ற பெண்கள் உள்ளே வந்தார்கள். அவன் அம்மாவும் செபமாலையம்மாளும் வந்தார்கள்.

"ஜோமோளுக்கு வலிப்பு இல்ல. நான்தான் பொய் சொன்னேன்." பழக்கத்தில் அவன் கை நெற்றிக்குப் போனது.

யாரும் சிரிக்கவில்லை. செபமாலையம்மாள் மகளின் தோளைத் தொட்டாள். "போதும், வாடி."

ஜோமோள் எழுந்தாள். அவன் கோயில் பலகையில் இன்னும் நின்றுகொண்டிருந்தது. ஒரு விரலால் அதைச் சாய்த்துவிட்டுப் போனாள்.

லிபின் அதை நிமிர்த்தவில்லை.