நீல நூல், இருபத்து மூன்றாம் அறை

மஸ்கட்டுக்கு வடக்கே, சோஹார் துறைமுகத்துக்குப் பக்கத்தில் எங்கள் கம்பெனி ஆட்கள் தங்கும் கேம்ப். முந்நூறு ஆட்களின் துணி என் பொறுப்பில் இருக்கிறது. ஒருத்தன் பனியன் இன்னொருத்தன் கட்டிலுக்குப் போனதாக இதுவரை ஒரு புகார் கிடையாது. இதைச் சொன்னால் பன்னீர்செல்வம் பீற்றிக்கொள்கிறான் என்பார்கள். ஆமாம், பீற்றிக்கொள்ளத்தான் செய்கிறேன். பெரம்பலூரிலிருந்து வந்து இருபது வருஷமாக லாண்டரியில் கிடக்கிறவன் வேறு எதைச் சொல்லிப் பீற்றிக்கொள்வது?

போன மாசி மாதத்தில் ஒரு வெள்ளிக்கிழமை, சாப்பாடு முடிந்த நேரம், துபாயிலிருந்து ஒரு பெண் காரை ஓட்டிக்கொண்டு என்னைத் தேடி வந்தாள். பெயர் இளவேனில். கோயம்புத்தூர்க்காரி. ஆப்பிரிக்காவில் அமைதிப்படை முகாம்களில் நடந்த அக்கிரமங்களை விசாரிக்கிற குழுவுக்காகச் சாட்சிகளிடம் வாக்குமூலம் வாங்குவதுதான் அவள் வேலையாம். அந்த முகாம்களில் சமைத்தவன், துவைத்தவன் எல்லாம் இப்போது வளைகுடாவில்தானே கிடக்கிறோம். மெஸ்ஸில் உட்கார வைத்து டீ கொடுத்தேன். டீயைத் தொடாமல் போனை எடுத்து ஒரு படத்தைக் காட்டினாள்.

"அண்ணா, இது உங்க கை வேலையா?"

பழுப்பு நிறப் பனியன் ஒன்று, உள்பக்கம் வெளியே தெரியும்படி விரித்துக் கிடந்தது. இடது பக்கத் தையலை ஒட்டி நீல நூலில் இரண்டு நீளக் கோடு, மூன்று குட்டைக் கோடு. என் தையலேதான்.

"இதை எங்க புடிச்சீங்க?"

"கிளாரிஸ் வச்சிருந்தாங்க. செல்வத்தைத் தேடுங்க, அவருக்குத்தான் இதப் படிக்கத் தெரியும்னு சொன்னாங்க."

ஆறு வருஷத்துக்கு முன் என் கம்பெனி என்னை ஆப்பிரிக்காவில் ஒரு நாட்டுக்கு அனுப்பியது. பெயரைச் சொல்ல மாட்டேன், சொல்லக்கூடாது என்று கையெழுத்து வாங்கியிருக்கிறார்கள். அங்கே சண்டை. சண்டையை நிறுத்த வெளிநாட்டுப் பட்டாளம் வந்து முகாம் போட்டிருந்தது. அவர்களுக்குச் சோறு, துணி, சுத்தம் எல்லாம் எங்கள் கம்பெனி காண்ட்ராக்ட். லாண்டரிக்கு நான் சூப்பர்வைசர். பட்டாளத்துப் பனியன் எல்லாம் ஒரே நிறம், ஒரே அளவு. காகிதச் சீட்டு மிஷினில் கரைந்துவிடும். அதனால் நானே ஒரு குறி வைத்துத் தைத்தேன். எந்த பிளாக், எந்த அறை, எந்தப் பட்டாளம் என்று நூலைப் பார்த்தே சொல்வேன். யாருக்கும் சொல்லிக்கொடுக்கவில்லை. சொல்லிக்கொடுத்துவிட்டால் அப்புறம் என்னை யார் மதிப்பார்கள் என்கிற எண்ணம்தான்.

கிளாரிஸ் என்னிடம் இஸ்திரி போட்ட உள்ளூர்ப் பெண். பத்தொன்பது வயது. என் அரைகுறை இந்தியையும் அரபியையும் கேட்டுக் கேட்டு கிளம்பு என்பதற்கு யல்லா, முடிந்தது என்பதற்கு கலாஸ், இல்லை என்பதற்கு மாஃபி எல்லாம் பிடித்துக்கொண்டாள். நான் கத்தினால் திருப்பிக் கத்துவாள். வேலையில் படு சுத்தம். ஆறு பேர் இருந்த வீட்டுக்கு அவள் ஒருத்திதான் சம்பாத்தியம்.

முகாமுக்குள் வர உள்ளூர் ஆட்களுக்கு பாஸ் வேண்டும். மாதாமாதம் புதுப்பிக்க வேண்டும். ஆபீசர்கள் மனது வைத்தால் புதுப்பிப்பார்கள். அப்படி மனது வைத்த ஒருத்தன் தன்னை கேப்டன் மைக் என்று சொல்லிக்கொண்டு, சீருடை இல்லாமல், ரேஷன் பெட்டியோடு அவளிடம் வந்தான். மாட்டேன் என்று சொன்னால் அடுத்த மாதம் பாஸ் இருக்காது. அந்தப் பிள்ளைக்கு மாட்டேன் என்று சொல்லும் வசதி எங்கே இருந்தது? பெண்களிடம் தவறாக நடக்கக்கூடாது என்று முகாம் முழுக்க மூன்று பாஷையில் போஸ்டர் ஒட்டியிருந்தார்கள். புகார்ப் பெட்டியும் இருந்தது. அது கேட்டுக்கு உள்ளே இருந்தது. பாஸ் இருந்தால்தான் அதன் கிட்டேயே போக முடியும். எந்தப் புத்திசாலி வைத்தானோ!

எனக்குத் தெரியுமா? தெரியும். ஆபீசர் பிளாக் துணிமூட்டை ஒன்றில் ஒருநாள் அவள் தலைத்துணி வந்தது. நான் அதைத் துவைத்து, மடித்து, அவள் மேஜையில் வைத்துவிட்டுச் சிரித்தேன். அவள் தலையைக் குனிந்துகொண்டாள். அந்தச் சிரிப்பை இன்றைக்கு நினைத்தாலும் என் வாயில் நானே அறைந்துகொள்ளலாம் போல இருக்கிறது.

"அவங்களுக்கு ஒரு பொண்ணு. நாலரை வயசு," என்றாள் இளவேனில். "அப்படி ஒரு கேப்டனே எங்ககிட்ட இல்லன்னு பட்டாளத்துல எழுதிக் குடுத்துட்டாங்க. போட்டோவும் காட்ட மாட்டேங்கிறாங்க. அவன் விட்டுட்டுப் போன இந்தப் பனியன் மட்டும்தான் கிளாரிஸ் கையில இருக்கு. பேர் இல்லாம யாருக்கு ரத்தப் பரிசோதனை கேக்க முடியும்? பொறப்புப் பதிவுல அப்பா பேர் இல்லன்னு அந்த ஊர் ஸ்கூல்ல பொண்ணச் சேக்க மாட்டேங்கிறாங்க. பணத்த விடுங்க, இந்தப் பேர் ஒண்ணு வேணும்னுதான் கிளாரிஸ் நாலு வருஷமா அலையறாங்க."

"நீல நூல் ஆபீசர் பிளாக்," என்றேன். "நீளக் கோடு ஒண்ணுக்குப் பத்து. குட்டைக் கோடு ஒண்ணுக்கு ஒண்ணு. இருபத்து மூணாம் நம்பர் ரூம். காலர்ல தெச்சா முதல்ல வந்த பட்டாளம், இடது பக்கம் தெச்சா அவங்க போனப்புறம் வந்த ரெண்டாவது பட்டாளம். ரூம் லிஸ்ட்ட எடுத்துப் பாக்கச் சொல்லுங்க, ஒரே ஆள்தான் இருப்பான்."

அவள் முகம் மலர்ந்தது. உடனே மடியிலிருந்த ஃபைலைத் திறந்து ஒரு காகிதத்தை என் முன் வைத்தாள். "விசாரணையில நீங்க இதச் சொல்லணும் அண்ணா. அப்போ இதப் பத்தியும் கேப்பாங்க."

கிளாரிஸை வேலையை விட்டு நிறுத்திய கடிதம். பதினோரு நாள் தாமதமாக வந்தாள் என்று போட்டு, கீழே என் கையெழுத்து.

எனக்குச் சுர்ரென்று ஏறிவிட்டது. "துணி தொவைக்கிறவன்கிட்ட வந்து என்னம்மா விசாரணை? எனக்கு டூட்டி இருக்கு," என்று எழுந்துவிட்டேன். வெள்ளிக்கிழமை எவனுக்கு டூட்டி? அவளுக்கும் அது தெரியும். தன் நம்பரை எழுதிய சீட்டை டீ கிளாஸுக்கு அடியில் வைத்துவிட்டுப் போனாள்.

சாயங்காலத்துக்குள் விஷயம் எங்கள் கேம்பை நடத்துகிற கேம்ப் பாஸ் கலீலுர் ரஹ்மான் காதுக்குப் போய்விட்டது. கீழக்கரைக்காரர், நல்ல மனுஷர், ஆனால் பயந்த சுபாவம்.

"பன்னீரு, அந்த காண்ட்ராக்டும் நம்ம கம்பெனிதான், இதுவும் நம்ம கம்பெனிதான். அடுத்த மாசம் உனக்கு விசா ரினியூவல். வாயத் தொறந்தா கலாஸ். நான் சொல்றது வெளங்குதா?"

"வெளங்குது பாய்."

"சாட்சி சொல்றதும் சொல்லாததும் உன் இஷ்டம். நான் எதையும் கேக்கல."

ரூமுக்குப் போய் என் பெண்டாட்டி வீரம்மாளுக்கு போன் போட்டேன். விசா போய்விடும், மகள் படிப்பு பாதியில் நிற்கும், என்னைத் தேடி வந்த அந்தக் கிறுக்கிக்கு என்ன தெரியும் என்று நானே பேசிக்கொண்டு போனேன். அவள் எல்லாவற்றையும் கேட்டுவிட்டு ஒன்றே ஒன்று கேட்டாள்.

"அந்தப் பொண்ணு நெசமாவே லேட்டா வந்துச்சா?"

"இல்ல."

"ஒரு நாளாச்சும்?"

"ஒரு நாளும் இல்ல. வயித்துல புள்ளன்னு தெரிஞ்சதும் கம்பெனில அனுப்பிடச் சொன்னாங்க. காரணம் ஒண்ணு வேணும்னாங்க."

"அதுக்கு நீ போட்டியாக்கும் கையெழுத்து," என்றாள். "நம்ம வீட்டுலயும் ஒருத்தி நாளைக்கு வேலைக்குப் போகப்போறா. அவ மேல எவனாச்சும் இப்படி எழுதினா அவன நீ என்னன்னு திட்டுவ? அதையே உனக்கு நீ சொல்லிக்க. விசா போனா வா, இங்க சோத்துக்கு ஒண்ணும் பஞ்சமில்ல," என்று சொல்லி வைத்துவிட்டாள்.

வெட்கமாக இருந்தது. வேறு வார்த்தை தெரியவில்லை. மறுநாள் இளவேனிலுக்கு போன் செய்து, வருகிறேன் என்றேன்.

விசாரணை வீடியோவில் நடந்தது. எங்கே உட்கார்ந்து பேசுவது என்று நான் முழித்துக்கொண்டு நின்றபோது, எதையும் கேட்கவில்லை என்ற அதே கலீல் பாய் தன் ஆபீஸ் கதவைத் திறந்துவிட்டார். "உன் போன்ல நெட் நிக்காது. இங்க உக்காந்து பேசு. என்னை யாரும் கேட்டா நான் சைட்டுக்குப் போயிருந்தேன்," என்றார். ஆனால் சைட்டுக்குப் போகவில்லை, வெளியே வராண்டாவிலேயே நின்றார்.

திரையில் ஐந்தாறு கட்டம். ஒன்றில் இளவேனில், எனக்கு மொழிபெயர்க்க. ஒன்றில் விசாரணை நடத்துகிற அம்மாள், நரைத்த தலை. ஒன்றில் பட்டாளத்தின் வக்கீல். கடைசிக் கட்டத்தில் கிளாரிஸ். முகம் மெலிந்திருந்தது. என்னைப் பார்த்தாள், தலையசைக்கவில்லை.

வக்கீல் ஆரம்பித்தான். ஐந்து வருஷத்துக்கு முந்தைய தையல் எப்படி ஞாபகம் இருக்கும்? அந்தப் பெண்ணே தைத்திருக்கலாமே? இவர் சொல்வதை எப்படி நம்புவது?

நரைத்த தலை அம்மாள் ஒரு ஏற்பாடு செய்திருந்தார். பட்டாளம் கழித்துப்போட்ட துணிகள் அந்த ஊர்ச் சந்தையில் விற்கின்றன. அதில் ஐந்து பனியன் வாங்கி வைத்திருந்தார்கள். சொந்தக்காரன் உள்ளே மையால் எழுதிய பெயரைத் துணி வைத்து மறைத்துவிட்டு, என் தையலை மட்டும் காட்டினார்கள்.

"வெள்ளை நூல், காலர். சிப்பாய் பிளாக், முதல் பட்டாளம், நாப்பத்தி ஒண்ணு," என்றேன். லிஸ்ட்டில் பார்த்தார்கள். பெயர் சரி. இரண்டாவது சரி. மூன்றாவதும் சரி.

நான்காவதைக் காட்டியதும் எனக்குக் கோபம் வந்துவிட்டது. "இது யாரு தெச்சது? இது என் தையலே இல்ல! நான் லீவுல ஊருக்குப் போனப்ப எவனோ போட்டிருக்கான். கோடு கோணல், முடிச்சு வெளியே தெரியுது. இத என் தையல்னு சொன்னா எனக்குத்தான் கேவலம்!"

இளவேனில் சிரிப்பை அடக்கிக்கொண்டு மொழிபெயர்த்தாள். நரைத்த தலை அம்மாள் எதையோ புரட்டிப் பார்த்தார். நான் லீவில் இருந்த மாதத்துத் துணிதான் அது. சோதிப்பதற்கென்றே சேர்த்திருந்தார்களாம். வக்கீல் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தான்.

ஐந்தாவதையும் படித்தேன். கடைசியாக அந்தப் பழுப்புப் பனியன் வந்தது. நீலம், இடது பக்கம், இருபத்து மூன்று. அறை லிஸ்ட்டில் இருந்த பெயரை அந்த அம்மாள் உரக்கப் படித்தார். மைக் என்று அதில் ஓர் எழுத்துகூட இல்லை. கிளாரிஸ் வாய்க்குள் அந்தப் பெயரை ஒருமுறை சொல்லிப் பார்த்தாள்.

வக்கீல் விடவில்லை. அந்தக் கடிதத்தை எடுத்தான். பதினோரு நாள் தாமதம், ஒழுங்கில்லாத பெண் என்று இதே சாட்சிதான் கையெழுத்துப் போட்டிருக்கிறார். அப்போது சொன்னது உண்மையா, இப்போது சொல்வது உண்மையா?

இளவேனில் மொழிபெயர்த்து முடிக்கும்வரை நான் காத்திருக்கவில்லை. எனக்குத் தெரிந்த இங்கிலீஷில் நானே சொன்னேன். அந்தக் கடிதம் பொய். அவள் ஒரு நாளும் தாமதமாக வரவில்லை. வேலை போய்விடும் என்று பயந்து பொய்க் கையெழுத்துப் போட்டேன். எனக்கு எல்லாம் தெரியும், தெரிந்தும் வாயை மூடிக்கொண்டிருந்தேன். கிளாரிஸ் அழவில்லை. என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

அதற்குப் பிறகு பரிசோதனைக்கு உத்தரவு வர ஒன்றரை மாதம், முடிவு வர இன்னொரு மாதம். என் விசாவை மூன்று வாரம் இழுத்தடித்தார்கள். கலீல் பாய் நான்கு தடவை மஸ்கட்டுக்கு போன் செய்து சண்டை போட்டபின், இரண்டு வருஷத்துக்குப் பதில் ஒரு வருஷம் போட்டுக் கொடுத்தார்கள். போதும். முடிவு வந்த அன்று இளவேனில் வாய்ஸ் மெசேஜ் அனுப்பினாள். "அண்ணா, அவன்தான். அவன் நாட்டுலயே கேஸ் எடுத்திருக்காங்க. பதிவுல பேர் ஏறிடுச்சு." அதை மெஷின் சத்தத்தில் நான்கு தடவை போட்டுக் கேட்டேன். சந்தோஷத்தில் இரண்டு மூட்டைத் துணிக்குச் சோப்பு போட மறந்துவிட்டேன்.

அடுத்த வெள்ளிக்கிழமை கிளாரிஸே வீடியோவில் கூப்பிட்டாள். மடியில் சின்னப் பெண், கையில் புது ஸ்கூல் பை. திங்கட்கிழமை முதல் பள்ளிக்கூடமாம். பைக்குள் ஒன்றும் இல்லாமலே ஜிப்பைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தது. நான் இங்கிலீஷில் சாரி சொன்னேன், இந்தியில் மாஃப் கரோ என்றேன், அரபியிலும் சொன்னேன்.

"சாரி மாஃபி," என்றாள். "சாரி வச்சு நான் என்ன செய்றது? ஆஸ்பத்திரி லாண்டரியில வேலை இருக்கு. முன்னாடி வேலை பாத்த இடத்துலேர்ந்து லெட்டர் கேக்குறாங்க. நீ எழுதின லெட்டர நான் காட்ட முடியுமா? வேற எழுது."

"கம்பெனி சீல் கெடைக்காது, கிளாரிஸ்."

"சீல் வேண்டாம். உன் கையெழுத்து வேணும்."

காகிதத்தை எடுத்து அவள் கண் முன்னாலேயே எழுதினேன். கிளாரிஸ் என்னிடம் பதினான்கு மாதம் இஸ்திரி வேலை பார்த்தார். வேலையில் சுத்தம். ஒரு நாளும் தாமதமாக வந்ததில்லை. அதற்கு மாறாக நான் முன்பு எழுதியது பொய். படித்துக் காட்டச் சொன்னாள். காட்டினேன்.

"அந்த லேட் லைன். திரும்பப் படி."

படித்தேன்.

"இன்னொரு தடவை."

மூன்றாவது தடவையும் படித்தேன். அவள் மகளைக் கொஞ்சம் நகர்த்தி உட்கார வைத்துவிட்டு, திரைக்குக் கிட்டே முகத்தைக் கொண்டுவந்தாள்.

"ம். இப்ப கையெழுத்துப் போடு," என்றாள்.