பதிவுக்காக உங்கள் பெயர்

1

முதலிலேயே சொல்லிவிடுகிறேன். இந்தக் கதை எனக்குக் கிடைத்தது அமெரிக்காவில், மான்மவுத் ஜங்ஷன் என்ற ஊரில், தமிழ்ச் சபையின் ஆராதனை முடிந்து, எல்லோரும் பேப்பர் தட்டோடு சாப்பாட்டு வரிசையில் நின்றபோது. எனக்கு முன்னால் நின்ற ஜெயலீலா பிரியாணிக் கரண்டியைக் கையில் வைத்துக்கொண்டே திரும்பி, "அக்கா, நீங்க கதையெல்லாம் எழுதுவீங்கள்ல? எங்க வீட்டுக்காரர் பேரை வச்சே ஒரு கதை இருக்கு, கேக்குறீங்களா?" என்றாள். பின்னால் பசியோடு நின்ற கூட்டம் எங்களை முறைத்தது. முறைக்கட்டும். கதை கிடைக்கிற நேரத்தில் வரிசையைப் பார்க்க முடியுமா?

அவள் கணவரின் பெயர் ஹோசிமின். முழுப் பெயர், ஹோசிமின் பால்துரை.

சிரிக்காதீர்கள். நம் ஊரில் இது நடக்கிற காரியம்தான். அப்பா பால்துரை கோவில்பட்டியில் மில் தொழிலாளி. ஞாயிற்றுக்கிழமை கோயிலுக்கும் மற்ற நாளெல்லாம் சங்கத்துக்கும் போனவர். வியட்நாமில் அமெரிக்கா குண்டு போடுவதை எதிர்த்து ஊர்வலம் போய், போலீசிடம் அடி வாங்கி, ஒடிந்த கையில் கட்டோடு வீட்டுக்கு வந்து, பிறந்த பிள்ளைக்கு அந்த நாட்டுத் தலைவரின் பெயரை வைத்தார். ஞானஸ்நானத்துக்கு வேறு ஏதாவது நல்ல பெயராகச் சொல்லுங்கள் என்று சபை ஐயர் கேட்டாராம். "இதான் பேரு. இஷ்டம்னா தண்ணிய ஊத்துங்க" என்றாராம் பால்துரை.

அந்தப் பிள்ளை புள்ளியியல் படித்து, குண்டு போட்ட அதே நாட்டுக்கு வந்து, பிளெய்ன்ஸ்பரோவில் ஒரு மருந்துக் கம்பெனியில் சேர்ந்து, குடியுரிமையும் வாங்கிவிட்டது. ஆபீசில் அவர் பெயர் மின். அக்கம்பக்கத்திலும் மின்.

(மற்ற எல்லோருடைய பெயரையும் மாற்றிவிட்டேன். இந்தப் பெயரை மாற்றினால் கதையே கிடையாது.)

2

தொடக்கத்துக்குப் படாத பாடு பட்டேன்.

"போர் முடிந்து அரை நூற்றாண்டு ஆன பின்னும், அதன் வடுக்கள்—" வேண்டாம். தலையங்க நெடி.

"முதியவர் லாமின் கண்களில் இன்னமும் அந்தக் காடுகள்—" பொய். அவர் கண்களில் புரைதான் இருந்தது, அதையும் போன வருஷம் எடுத்துவிட்டார்கள்.

மூன்றாவதாகக் கருவாட்டில் தொடங்கினேன். அது நிலைத்து நின்றது.

ஜெயலீலா கருவாடு பொரித்தால் அந்த அபார்ட்மென்டில் வரிசையாக ஜன்னல்கள் சாத்தப்படும். லீசிங் ஆபீசுக்குப் புகார் பறக்கும். சாத்தாத ஒரே ஜன்னல் நேர் கீழ்வீட்டு ஜன்னல். ஒருநாள் அந்த வீட்டிலிருந்து லின் என்ற பெண் படியேறி வந்து கதவைத் தட்டினாள். சண்டைக்குத்தான் வருகிறாள் என்று ஜெயலீலா இடுப்பில் கையை ஊன்றிக்கொண்டு கதவைத் திறந்தாள். "எந்தக் கடையில் வாங்கினீர்கள்?" என்று கேட்டாள் லின். மீனை உப்புப் போட்டுப் புளிக்கவைத்த சாறு இல்லாமல் சமைக்கத் தெரியாத வியட்நாமியக் குடும்பம் அது. அன்றிலிருந்து மேலும் கீழும் கிண்ணங்கள் போய்வந்தன.

லினின் அப்பாதான் லாம். தெற்கு வியட்நாம் ராணுவத்தில் இருந்தவர். அமெரிக்காவோடு சேர்ந்து சண்டை போட்டுத் தோற்ற பக்கம். ஜெயித்தவர்கள் அவரை வருஷக்கணக்கில் முகாமில் அடைத்து, மரவள்ளிக்கிழங்கைக் கொடுத்துக் காடு வெட்ட வைத்தார்கள். அங்கே அவருடைய தம்பி செத்தார். லாம் வீட்டுச் சுவரில் இப்போதும் தோற்ற நாட்டின் கொடி, மஞ்சளில் மூன்று சிவப்புக் கோடு. அந்த வீட்டில் ஜெயித்த பக்கத்துத் தலைவரின் பெயரை யாரும் வாயால் சொல்வதில்லை. சைகோன் நகரத்துக்கு ஜெயித்தவர்கள் அந்தப் பெயரைத்தான் சூட்டினார்கள். லாம் வீட்டில் அது இன்றைக்கும் சைகோன்தான். டிவியில் எவனாவது புதுப் பெயரைச் சொன்னால் டிவி அணைந்துவிடும்.

அந்த வீட்டு மேஜையில்தான் நம்முடைய ஆள் மின்னாக உட்கார்ந்து நூடுல்ஸ் சூப் குடித்துக்கொண்டிருந்தார். அவர்கள் மொழியில் மின் என்றால் வெளிச்சமாம். "நல்ல பெயர்" என்று லாம் அவர் முதுகில் தட்டினாராம். ஐயோ பாவம், இரண்டு பேரும்தான்.

3

இந்த இடத்தில் எனக்கு என் கதாபாத்திரத்தின் மேலேயே சந்தேகம் வந்தது. போன் போட்டு ஜெயலீலாவிடம் கேட்டேன். ஏன் ஆரம்பத்திலேயே சொல்லவில்லை? பயமா?

"பயமெல்லாம் இல்லக்கா. மொதல் நாளே பேரைச் சொல்லிப் பெரியவரை நோகடிக்கணுமான்னு விட்டுட்டாரு. அப்புறம் பழகிப்போச்சு. பழகினப்புறம் சொன்னா, இத்தனை நாள் ஏன் மறைச்சேன்னு வரும்லா?" என்றவள், கொஞ்சம் நிறுத்தி, "ஆமா, நீங்க புனைபெயர்லதான எழுதுறீங்க? புனைபெயர் வச்சிக்கிட்டு எங்க வீட்டுக்காரரைப் பேர் மறைச்சாருன்னு கேக்குறீங்களாக்கும்!" என்றாள்.

போனை வைத்தேன். சந்தேகத்தையும்தான்.

இனி விஷயத்துக்கு வருகிறேன். லாமுக்கு துவான் என்று ஒரு மகன். கைக்குழந்தையாக அமெரிக்கா வந்தவர். இளவயதில் ஒரு அடிதடி வழக்கில் மாட்டி, தண்டனையை முழுக்க அனுபவித்து, அதற்கப்புறம் ஒழுங்காக ஏசி ரிப்பேர் வேலை பார்த்தவர். ஆனால் அந்த வழக்கால் குடியுரிமை கிடைக்கவில்லை. வருஷத்துக்கு ஒரு தடவை குடியேற்ற அலுவலகத்தில் முகத்தைக் காட்டிவிட்டு வர வேண்டும். இந்தத் தடவை போனவர் திரும்பி வரவில்லை. பிடித்து வைத்துக்கொண்டார்கள். நாடு கடத்த உத்தரவு. எங்கே அனுப்புகிறார்கள் என்ற இடத்தில் நகரத்தின் பெயர் போட்டிருந்தது. லாம் வீட்டில் யாரும் சொல்லாத அதே பெயர்.

லாம் யாருக்கு ஓட்டுப் போட்டார் என்று கேட்பீர்கள். கம்யூனிஸ்டுகளை யார் உரக்கத் திட்டுகிறார்களோ அவர்களுக்குத்தான், எல்லாத் தேர்தலிலும். மகனைப் பிடித்தவர்களுக்கும் அவர்தான் போட்டார். 'நல்லா வேணும்' என்று உங்கள் வாயில் வருகிறதா? எனக்கும் வந்தது. வெட்கமாக இருந்தது, விழுங்கிவிட்டேன். நீங்களும் விழுங்குங்கள். தேசத்தை இழந்த மனிதன் எந்தக் கயிற்றைப் பிடித்தால் உங்களுக்கு என்ன? அதில் பாம்பு இருந்ததென்றால் முதலில் பாம்பை அடியுங்கள்.

4

ஊர் நிர்வாகமான டவுன்ஷிப்பின் கூட்டத்தில் துவானுக்கு ஆதரவாக ஒரு தீர்மானம் கேட்பது என்று முடிவாயிற்று. தீர்மானம் யாரையும் வெளியே கொண்டுவராது. ஆனால் ஊரே இவருக்காக நிற்கிறது என்று நீதிபதியிடம் காட்ட வக்கீலுக்கு அது வேண்டும். கூட்டத்தில் பேசுகிறவர்கள் மைக்கின் முன்னால் முழுப் பெயரையும் விலாசத்தையும் சொல்லிவிட்டுத்தான் ஆரம்பிக்க வேண்டும். இந்த ஊர் வழக்கம் அது. பேசுகிறேன் என்று துள்ளிய அபார்ட்மென்ட்காரர்கள் ஒவ்வொருவராகக் கழன்றுகொண்டார்கள். பத்மநாபனுக்கு கிரீன் கார்டு இன்னும் வரவில்லை. ராமசுப்ரமணியனுக்குச் சரியாகத் தொண்டை கட்டிக்கொண்டது. மிஞ்சியது ஹோசிமின். ஒரு ஜனவரியில் ஜெயலீலா படியில் விழுந்து காலை ஒடித்துக்கொண்டபோது, பனியில் வேன் ஓட்டி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோனவர் துவான். ஹோசிமின் அப்போது டெக்சஸில் மீட்டிங்கில் இருந்தார். அதைக் கூட்டத்தில் சொல்ல அவரை விட்டால் ஆள் இல்லை.

கூட்டத்துக்கு முந்தின நாள் மத்தியானம் அவர் ஜெயலீலாவோடு கீழ்வீட்டுக்குப் போனார். சூப் வந்தது. கரண்டியைத் தொடாமல் தன் முழுப் பெயரைச் சொன்னார்.

(லாம் பேசுவது வெட்டி வெட்டிப் பேசுகிற ஆங்கிலம். நம் ஊர்ப் பெரியவர் பேச்சாக எழுதிப் பார்த்தேன், வேஷமாக இருந்தது. எழுத்துத் தமிழிலேயே விடுகிறேன்.)

லாம் தன் கிண்ணத்தைத் தள்ளிவைத்தார். "என் மகனை அனுப்பப் போகிற ஊர். அதன் பெயரா உனக்கு?"

"ஆமாம்."

"யார் வைத்தது?"

"எங்க அப்பா. குண்டு போடாதேன்னு ஊர்வலம் போனார். கையை ஒடிச்சாங்க. யார் பக்கம் நியாயம்னு அவருக்கு ரொம்பத் தெரியாது. ஜனங்க சாகுறாங்கன்னு தெரியும்."

"அந்த ஜனங்களில் நானும் உண்டு" என்றார் லாம். "உன் அப்பா என்னைக் கேட்டாரா?"

"இல்ல" என்றார் ஹோசிமின். "கேக்கல."

லின் பதறிவிட்டாள். "அங்கிள், மின் என்றே சொல்லிவிடுங்கள். யாரும் ஐடி கேட்கப் போவதில்லை." ஜெயலீலாவும் முழங்கையால் இடித்தாள். "ஒரு நாளைக்குத்தானங்க. இத்தனை வருஷமா மின்னுன்னுதான இருந்தீங்க?"

"இவங்க வீட்ல சூப் குடிக்க மின் போதும்" என்றார் ஹோசிமின். "துவானுக்காகப் பேசுறதுக்குப் பாதிப் பேர் போதாது. நாளைக்கு எவனாவது நோண்டி, பொய்ப் பேருல பேசினான்னு சொன்னா துவானுக்குத்தான் கேடு. அதுக்கு மேல, அடி வாங்கி வச்ச பேரு இது. நான் ஏன் ஒளியணும்? எவனுக்குப் பயந்து?"

லாம் எழுந்து கொடிக்குக் கீழே போய் நின்றார். "நீ அந்தப் பெயரைச் சொன்னால் நான் எழுந்து போய்விடுவேன். என் மகனுக்காகவே இருந்தாலும்."

"போங்க. நான் சொல்லத்தான் செய்வேன்."

இப்படிப் பேசலாமா ஒரு பெரியவரிடம் என்று ஜெயலீலா மேலே வந்து அழுதாளாம். எனக்கோ அந்த இடத்தில் இரண்டு பேரையும் கட்டிக்கொள்ள வேண்டும்போல இருந்தது. வளையாத இரண்டு ஆட்களை ஒரே மேஜையில் பார்க்கக் கொடுத்துவைத்திருக்க வேண்டும்.

5

முடிவுகள். மூன்று எழுதினேன்.

அ. ஹோசிமின் மைக்கில் மின் என்கிறார், எல்லோருக்கும் நிம்மதி. எழுதி முடித்ததும் கோவில்பட்டியில் ஒரு கைக்கட்டு என்னைப் பார்த்தது. அழித்தேன்.

ஆ. லாம் வெளிநடப்பு. வாசலில் பனி. அவருடைய கால்தடங்கள்— போதும், போதும். கூட்டம் நடந்தது மே மாதத்தில்.

இ. லாம் ஓடிவந்து ஹோசிமினைத் தழுவுகிறார், மண்டபம் எழுந்து கைதட்டுகிறது, சேர்மன் கண்ணைத் துடைக்கிறார். என் பத்திரிகை நண்பர் சேனாபதிக்கு இதுதான் பிடித்திருந்தது. "காயம் ஆறுதும்மா, அதான் கதை" என்றார். யாருடைய காயம், யாருக்கு ஆறுகிறது? தம்பியைப் புதைத்தவர் மன்னித்தால்தான் வாசகருக்குத் தூக்கம் வரும் என்றால், வாசகர் விழித்தே கிடக்கட்டும்.

6

மண்டபத்தில் முன்வரிசையில் லாம் உட்கார்ந்திருந்தார். கோட்டு, டை, கோட்டில் பழைய படைப்பிரிவின் சின்னம். பக்கத்தில் லின். பின்வரிசையில் ஜெயலீலா, கையில் வேதாகமம், வாய்க்குள் ஜெபம். கூப்பிட்டார்கள். ஹோசிமின் போய் மைக்கின் முன்னால் நின்றார். கிளார்க் அம்மாள் நிமிராமலே சொன்னாள், "பதிவுக்காக உங்கள் முழுப் பெயர், விலாசம்."

"ஹோசிமின் பால்துரை" என்றார், மண்டபத்தின் கடைசி வரிசைக்கும் கேட்கிற மாதிரி. விலாசத்தைச் சொன்னார். "துவான் லாம் குடும்பத்துக்கு நேர் மேல்வீடு."

லாம் எழுந்தார். சொன்னால் செய்கிறவர். வாசல் அவருக்குப் பின்னால் இருந்தது, மைக் முன்னால் இருந்தது. லின் அவர் கையைப் பிடிக்கவில்லை. ஹோசிமின் திரும்பிப் பார்க்கவில்லை. எழுதி வந்த காகிதத்தை மடித்துப் பையில் போட்டுவிட்டு, "ஒரு ஜனவரியில் என் மனைவி படியில் விழுந்தாள்" என்று ஆரம்பித்தார்.

அதற்கு மேல் என்ன நடந்தது என்று ஜெயலீலா எனக்குச் சொன்னாள். நான் உங்களுக்குச் சொல்ல மாட்டேன். போய்விட்டார் என்று எழுதினால் கிழவருக்குப் பிடிவாதம் என்று உச்சுக்கொட்டுவீர்கள். நின்றார் என்று எழுதினால் கண்ணைத் துடைத்துக்கொண்டு புத்தகத்தை மூடுவீர்கள். எப்படிப் பார்த்தாலும் உங்களுக்குக் கதை முடிந்துவிடும். துவான் இன்னும் உள்ளேதான் இருக்கிறார். தீர்மானத்தை அடுத்த கூட்டத்துக்குத் தள்ளிவைத்துவிட்டார்கள்.

துவான் வீடு வந்து சேருகிறவரை இதற்கு முடிவு கிடையாது. முடிவு வேண்டும் என்கிறவர் வந்து பேசலாம். மைக் அங்கேயேதான் இருக்கிறது. முதலில் முழுப் பெயரையும் விலாசத்தையும் சொல்ல வேண்டும். புனைபெயர் செல்லாது. நான் கேட்டுப் பார்த்துவிட்டேன்.