வாடை இல்லாத தண்ணீர்

ஊர்த் தண்ணீரை நகராட்சி ஒரு கம்பெனியிடம் ஒப்படைத்தபோது, அலமாரி நாற்காலிகளோடு சேர்த்து என்னையும் ஒப்படைத்தார்கள். வேலை என்னவோ பழைய வேலைதான். குழாய்த் தண்ணீரைச் சின்னக் கண்ணாடிக் குப்பியில் பிடித்து, ஒரு மாத்திரை போட்டு, ரோஸ் நிறம் வருகிறதா என்று பார்க்க வேண்டும். வந்தால் குளோரின் இருக்கிறது, கிருமியைப் பற்றிக் கவலை இல்லை. வராவிட்டால் கடவுள் விட்ட வழி.

நகராட்சிக் காலத்தில் தண்ணீர் பிளீச்சிங் பவுடர் வாடை அடிக்கும். ஊரே எங்களைத் திட்டியது. திட்டிக்கொண்டே காய்ச்சிக் குடித்தது. கம்பெனி வந்ததும் திட்டுவதற்கென்று ஒரு போன் நம்பர் கொடுத்தார்கள். "புகாரே வரக்கூடாது" என்றார் மேனேஜர். எதற்கெடுத்தாலும் சிரிப்பார் என்பதால் அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சிரிப்பு. வந்த புகாரில் பாதிக்கு மேல் வாடையைப் பற்றித்தான். சிரிப்பு குளோரினைக் குறைத்தார். வாடை போயிற்று, போனும் ஓய்ந்தது. தண்ணீர் இனிக்கிறது என்று ஜனங்கள் மெச்சிக்கொண்டார்கள். நான் மட்டும் குப்பியை எடுத்துக்கொண்டு தெருக் குழாய்களுக்கும் போனேன்.

பம்ப் ஹவுஸ் குழாயில் ரோஸ் வந்தது. நான்கு கிலோமீட்டர் தள்ளி, கடைசித் தெருவில், குப்பித் தண்ணீர் நிறமே மாறவில்லை. மறுநாளும் அப்படித்தான். மேனேஜரிடம் போய்ச் சொன்னேன்.

"அங்க எதுக்குப் போனீங்க?" என்று சிரித்தார். "நம்ம கேட்டைத் தாண்டின தண்ணிக்கு நாம பொறுப்பில்ல. டெஸ்ட் பண்ண வேண்டியது பம்ப் ஹவுஸ் குழாய்லன்னுதான் ஒப்பந்தத்துல இருக்கு. தெருவுக்கு அடியில இருக்கற பைப்பு நகராட்சியோடது."

நகராட்சிக்குப் போனேன். என் பழைய அதிகாரி டீ வாங்கிக் கொடுத்துவிட்டுக் கையை விரித்தார். "பைப்பு எங்களோடதுதான் தம்பி. உள்ள ஓடற தண்ணி உங்க கம்பெனியோடதாச்சே."

ஆக, பைப்புக்கு ஓர் அப்பன், தண்ணீருக்கு ஓர் அப்பன். இரண்டும் சேர்ந்தால் அநாதை. இவ்வளவு புரிந்தும் நான் வாயை மூடிக்கொண்டேன். வேலை போய்விடுமே என்ற பயம். அந்தக் கடைசித் தெருவில்தான் என் தங்கை, ஒன்பது மாதக் கைக்குழந்தையோடு குடியிருக்கிறாள். அவள் எப்போதும் காய்ச்சித்தானே குடிப்பாள் என்று என்னை நானே தேற்றிக்கொண்டேன்.

அதற்குப் பன்னிரண்டாம் நாள் அந்தத் தெருவில் பள்ளம் தோண்டியிருந்தார்கள். பைப் சாக்கடையில் முழுகிக் கிடக்கிறது, இணைப்பில் விரல் நுழையும் அளவுக்கு ஓட்டை என்று பைப் ஃபிட்டர் பம்ப் ஹவுஸுக்கு வந்து, மழை பெய்கிறது என்பதுபோல் சாதாரணமாகச் சொன்னார். போட்டது போட்டபடி ஓடினேன்.

தங்கை கதவைத் திறந்தாள். தூக்கமில்லாத முகம். தோளில் குழந்தை துவண்டு கிடந்தான்.

"தண்ணியக் காய்ச்சித்தானே குடுக்கற?" என்றேன், மூச்சு வாங்க.

"இப்ப எதுக்குண்ணா? அந்த நாத்தம் போகத்தானே காய்ச்சினேன். இப்பதான் நல்ல தண்ணியா வருதே. தெருவுல எல்லார்கிட்டயும் சொல்லிட்டேன், எங்கண்ணன் தினமும் பாத்துத்தான் அனுப்பறாரு, பயப்படாமக் குடிங்கன்னு."

குழந்தையின் நெற்றியில் கை வைத்துப் பார்த்தேன். அவள் தொடர்ந்தாள்.

"நேத்திலேர்ந்து இவனுக்கு வயித்தால போகுதுண்ணா. பக்கத்து வீட்டுக் குழந்தைக்கும் அப்படித்தானாம். உடம்பு வத்திடும், தண்ணி நிறையக் குடுன்னு அந்தக்கா சொன்னாங்க. ஸ்பூன் ஸ்பூனாக் குடுத்துக்கிட்டே இருக்கேன். எவ்வளவு குடுத்தாலும் நிக்க மாட்டேங்குது."