அவருடைய ஆடு எங்கே?

ஏரிக்கரையில் காலையில் மீன் காயப்போடும்போது எலுபேயின் பரண்களைச் சுற்றி ஊர்வம்புக்குப் பஞ்சமே இருக்காது. அன்றைக்கு வம்பு ஒரு கைபேசிக்குள் இருந்தது. மூங்கில் பரண்களில் உசிபா மீனைப் பரப்பிக்கொண்டிருந்த பெண்கள், இடுப்பில் சுற்றியிருந்த சிதெஞ்சேத் துணியில் ஈரக்கையைத் துடைத்துவிட்டு, அதை ஒருத்தி கையிலிருந்து இன்னொருத்தி பிடுங்கிப் பார்த்தார்கள்.

டவுன் ஓய்வு விடுதியின் பின்வாசலில் யாரோ எடுத்த படம். மக்களவை உறுப்பினர் வைசன் கலிம்பா தொப்பியை நெற்றிவரை இறக்கிக்கொண்டு நிற்கிறார். அவர் கை ஓர் இளம்பெண்ணின் தோளில் கிடக்கிறது. அவள் இந்த ஊர் ஃபலேசியின் மகள் சியோனே. காலில் செருப்புகூட இல்லாமல், நேராகக் கேமராவைப் பார்த்து விழித்தபடி அகப்பட்டிருந்தாள்.

"ஆசிரியர் பயிற்சிக்குப் போறேன், போறேன்னு சொல்லிட்டுத் திரிஞ்சாளே, இதுதானா அந்தப் பயிற்சி?" என்றாள் எஸ்னாத். வாய்க்குப் பூட்டில்லாதவள்.

"படத்தைப் பெரிசு பண்ணுடி. மூஞ்சி நல்லாத் தெரியட்டும்."

பெரிசு பண்ணினார்கள். சியோனேயின் முகம் திரை முழுக்க வந்தது. கலிம்பாவும் அவர் தொப்பியும் ஓரத்துக்குப் போய் மறைந்துவிட்டதை யாரும் கவனிக்கவில்லை.

எலுபேதான் அந்த ஊர் ஆட்டக்காரிகளின் தலைவி. எந்தக் கட்சிக் கூட்டமானாலும் அவள் முதல் அடியை எடுத்துக் கொடுப்பாள், மற்றவர்கள் திருப்பிப் பாடி ஆடுவார்கள். நின்ற இடத்தில் பாட்டுக் கட்டுவது அவளுக்குத் தண்ணீர் பட்ட பாடு. அன்றைக்கும் கட்டினாள்.

"விடுதி வாசல்ல செருப்பை விட்ட சியோனே, வெறுங்காலோட எங்கேடி போவே?"

பெண்கள் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். சாயங்காலத்துக்குள் அடிகுழாயடியில் பிள்ளைகள் அதைப் பாடிக்கொண்டிருந்தன. தன் பாட்டு இவ்வளவு சீக்கிரம் பரவியதில் எலுபேக்குப் பெருமைதான். பொய் சொல்வானேன்?

இதில் கலிம்பாவுக்கு என்ன நஷ்டம் வந்தது? ஒன்றும் இல்லை. மினிபஸ் நிறுத்தத்தில் ஆண்கள், "சிங்கம்யா நம்ம ஆளு" என்று தொடையைத் தட்டிக்கொண்டார்கள். அவரோ மனைவியைப் பக்கத்தில் உட்காரவைத்துக்கொண்டு வானொலியில் பேசினார். எதிரிகளின் சதி என்றார். அந்தப் பெண் தன்னை மயக்க வந்தவள் என்றார். தான் கடவுள் முன்னால் மண்டியிட்டு மன்னிப்பு வாங்கிவிட்டதாகவும், சனிக்கிழமை ஊருக்கு வந்து மக்களுக்கு நன்றி சொல்லப்போவதாகவும் சொன்னார்.

இதே மனிதர்தான் போன அறுவடை சமயத்தில் நல்லொழுக்க இயக்கம் என்று ஒன்றைத் தூக்கிக்கொண்டு ஊர் ஊராக வந்தவர். கையில் ஒரு குச்சி வைத்துக்கொண்டு பெண்பிள்ளைகளின் பாவாடை முழங்காலுக்குக் கீழே எவ்வளவு இறங்கியிருக்கிறது என்று அளந்தவர். ஊர் அத்திமரத்தடியில் ஒலிபெருக்கி பிடித்து ஒரு சட்டமும் போட்டார். கல்யாணம் ஆகாத ஜோடி விடுதியில் அகப்பட்டால் ஆண் ஓர் ஆடு, பெண் ஓர் ஆடு ஊர்த்தலைவரிடம் கட்ட வேண்டும். ஆடு கட்டினால் தப்பு தீர்ந்தது. கட்டாதவர் ஊரில் இருக்கக்கூடாது. பெண்கள் குலவையிட்டார்கள். எலுபே அங்கேயே அந்தச் சட்டத்தைப் பாட்டாகக் கட்டிப் பாட, கலிம்பா அதில் சொக்கிப்போய், போன ஊரிலெல்லாம் அதைப் பாடச் சொன்னார்.

இப்போது அந்தச் சட்டம் ஃபலேசியின் வீட்டு வாசலுக்கு வந்தது. வெள்ளிக்கிழமைக்குள் ஆடு வராவிட்டால் சியோனே ஊரைவிட்டுப் போய்விட வேண்டும் என்று தலைவர் சொல்லிவிட்டார்.

வெள்ளிக்கிழமை மதியம் ஃபலேசி தன் வீட்டின் ஒரே ஆட்டைக் கயிற்றில் பிடித்துக்கொண்டு பரண்கள் வழியாக வந்தாள். எலுபேயின் முன்னால் நின்றாள். சண்டைக்கு வந்திருக்கிறாள் என்று நினைத்து எலுபே இடுப்பில் கை வைத்துக்கொண்டு தயாரானாள். ஃபலேசிக்குச் சண்டை போடத் தெம்பில்லை.

"அக்கா, பாட்டுல எம் பொண்ணு பேரை மட்டும் எடுத்துடுங்க. மத்ததை எப்படி வேணா பாடிக்குங்க."

எலுபே இடுப்பிலிருந்து கையை எடுத்தாள்.

"காலேஜ் உதவிப் பணத்துக்குக் கலிம்பா ஐயா கையெழுத்து வேணும்னாங்க. ஆபீஸுக்குப் போறப்பல்லாம் பூட்டிக் கிடந்துச்சு. விடுதிக்கு வா, அங்கே போட்டுத் தரேன்னு சொல்லி அனுப்பினார். போனா. போகாம என்ன பண்ணுவா? கதவைச் சாத்தினப்புறம்தான் கையெழுத்துக்கு என்ன விலைன்னு அவளுக்குப் புரிஞ்சுச்சு." ஃபலேசி ஆட்டின் கழுத்தைத் தடவினாள். "இப்போ தண்ணி பிடிக்கப் போனா அவ குடத்தை எடுத்து வெளியில வைக்கிறாங்க. சின்னப் பசங்க பின்னாடியே பாடிட்டு வருதுங்க. ஆடு கட்டினா தப்பு தீர்ந்ததுன்னுதானே அக்கா சட்டம்? ஆட்டையும் கொண்டுவந்துட்டேன். அப்புறமும் பாட்டு எதுக்கு?"

 அதற்குள் ஊர்த்தலைவரே எதிரில் வந்துவிட்டார். தோளில் புதுத்துணி மூட்டை. சிதெஞ்சே முழுவதும் கலிம்பாவின் சிரித்த முகம் அச்சடித்திருந்தது.

"நல்லவேளை, ஆடும் வந்துடுச்சா? எலுபே, நாளைக்கு எல்லாரும் இதைத்தான் கட்டணும். அந்தச் செருப்புப் பாட்டு இருக்கே, அதைக் கட்டாயம் பாடணும். ஐயாவே போன் பண்ணிக் கேட்டுட்டார்."

"பாடுறேன் தலைவரே. அவரோட ஆடு எப்போ வருது?"

"எந்த ஆடு?"

"ஆணுக்கு ஒண்ணுன்னு சொன்னாரே, அந்த ஆடு."

தலைவர் சிரித்தார். "பெரிய மனுஷன்கிட்ட போய் ஆடு கேப்பாங்களா? என்ன பேச்சு இது."

"சரி, இந்த ஆட்டை என்ன பண்ணப் போறீங்க?"

"நாளைக்கு ஐயாவுக்குச் சாப்பாடு வேண்டாமா?" என்று சொல்லிக்கொண்டே கயிற்றை வாங்கிக்கொண்டார். எலுபேயின் முகம் மாறியதைப் பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். "உன் பரண் நிக்கிற இடம் யார் குடுத்ததுன்னு ஞாபகம் இருக்கட்டும்."

ஆடு கத்திக்கொண்டே போனது. ஃபலேசி அதைப் பார்க்காமல் எதிர்ப்பக்கம் நடந்தாள்.  அந்தப் பெண்ணைக் கெடுத்தவன் தின்பதற்கு அந்தப் பெண்ணின் வீட்டு ஆட்டையே வெட்டப்போகிறார்கள், அதற்குத் தன் பாட்டுதான் தாளம் என்று நினைத்தபோது எலுபேக்குத் தன் மேலேயே அருவருப்பு வந்தது.

வெயில் தாழ்ந்ததும் ஆட்டக்காரிகளைக் கூப்பிட்டு நடந்ததைச் சொன்னாள்.

"அது அவர் வீட்டு விஷயம். நமக்கெதுக்கு?" என்றாள் எஸ்னாத்.

"அவர் வீட்டு விஷயம்னா, நம்ம வீட்டுப் பொண்ணுங்க பாவாடையை எதுக்குடி குச்சி வச்சு அளந்தார்? யாரு யாரோட படுக்கிறாங்கன்னு எனக்குக் கவலையில்ல. கையெழுத்துக்கு விலை கேட்டார் பாரு, அதைத்தான் கேக்குறேன். அப்போ குலவை போட்டதும் நாமதான், இப்போ படத்தைப் பெரிசு பண்ணிச் சிரிச்சதும் நாமதான். நாம யாராவது அவர் பேர்ல ஒரு வரி பாடினோமா?"

 எஸ்னாத் மீன் செதிலை நகத்தால் சுரண்டிக்கொண்டிருந்தாள்.

"உன் இடத்தைப் பிடுங்கிட்டா?" என்று ஒருத்தி கேட்டாள்.

"பிடுங்கட்டும். மீனை என் வீட்டுக் கூரை மேல காயப்போடுறேன். நாளைக்கு முதல் அடியை நான் எடுப்பேன். சேர்ந்து பாடுறதும் பாடாததும் உங்க இஷ்டம்."

சனிக்கிழமை அத்திமரத்தடியில் கூட்டம் நெரிந்தது. கலிம்பா வெள்ளைச் சட்டையில் நடுநாற்காலியில் உட்கார்ந்திருந்தார். மேடைக்குப் பின்னால் வேலியில் ஃபலேசியின் ஆடு கட்டியிருந்தது, பக்கத்தில் அடுப்பு மூட்டிக்கொண்டிருந்தார்கள். ஊருக்குப் பயந்துகொண்டு வீட்டில் அடைந்து கிடக்க மாட்டேன் என்று சியோனேயும் தாயோடு வந்து கூட்டத்தின் கடைசியில் நின்றாள். அவர்களைச் சுற்றி மட்டும் ஆள் நிற்கவில்லை.

எலுபே நடுவில் வந்தாள். புதுத்துணியைக் கட்டவில்லை, மீன் வாடை அடிக்கும் தன் பழைய துணியையே கட்டியிருந்தாள். தலைவர் முறைத்தார். அவள் ஒலிபெருக்கியை வாங்கிக்கொண்டு குரலெடுத்தாள்.

"ஆணுக்கு ஓர் ஆடு!"

அது பழைய பாட்டு, கலிம்பாவுக்குப் பிடித்த பாட்டு. பெண்களின் வாய் பழக்கத்தில் தானாகவே திறந்தது. "பெண்ணுக்கு ஓர் ஆடு!"

கலிம்பா முகம் மலர்ந்து கைதட்டினார். எழுந்து இரண்டு அடி ஆடவும் செய்தார். கூட்டம் ஆரவாரம் செய்தது.

"பெண்ணோட ஆடு வேலியில நிக்குது!" என்றாள் எலுபே. இது புது வரி.

பெண்கள் ஒரு நொடி திகைத்தார்கள். எஸ்னாத்தான் முதலில் காலை ஓங்கி மிதித்தாள். "ஆணோட ஆடு எங்கே?"

"பெண்ணோட ஆடு வேலியில நிக்குது!"

"ஆணோட ஆடு எங்கே?"

இந்தத் தடவை எல்லாப் பெண்களும் பாடினார்கள். அடுத்த தடவை மினிபஸ் நிறுத்தத்துச் சிங்கக்காரர்களில் சிலரும் சேர்ந்துகொண்டார்கள், வெட்கத்தோடுதான். கலிம்பாவின் கை தட்டின நிலையிலேயே நின்றுவிட்டது. அவர் மனைவி தலையைக் குனிந்துகொண்டாள்.

"அம்மா, நான்தான் கடவுள்கிட்ட மன்னிப்பு வாங்கிட்டேனே" என்றார் அவர், சிரிக்க முயன்றபடி.

"அது உங்களுக்கும் கடவுளுக்கும் நடுவுல ஐயா. தலைவர்கிட்ட கட்ட வேண்டியது ஆடு. நீங்க போட்ட சட்டம்தான், நான் ஒண்ணும் புதுசாக் கேக்கலை."

கலிம்பா தலைவரைப் பார்த்தார். தலைவர் கூட்டத்தைப் பார்த்தார். கூட்டம் இன்னும் பாடிக்கொண்டுதான் இருந்தது. கலிம்பா வாட்ச்சைப் பார்த்துவிட்டு, டவுனில் வேறு கூட்டம் இருப்பதாக முணுமுணுத்துக்கொண்டு காரில் ஏறினார். கார் கிளம்பும்வரை பாட்டு ஓயவில்லை.

எலுபே வேலிக்குப் போய் ஆட்டை அவிழ்த்தாள்.

"ஆட்டை அவுத்துட்டா வந்தவங்களுக்கு என்னத்தைப் போடுறது?" என்றார் தலைவர்.

"களி கிண்டி இருக்கு, கீரை இருக்கு. எங்க வீட்டுல அதைத்தான் திங்கிறோம், செத்தா போயிட்டோம்?" என்றாள் எஸ்னாத்.

எலுபே ஆட்டை இழுத்துக்கொண்டு கூட்டத்தைப் பிளந்து கடைசிவரை நடந்தாள். சியோனேயின் கையில் கயிற்றைக் கொடுத்தாள்.

"உன் பேர்ல பாட்டுக் கட்டினது நான்தான். தப்பு என்னோடது. இன்னிக்குச் சாயங்காலம் தண்ணிக்கு வா, உன் குடத்துக்கு நானே அடிச்சுத் தரேன். காலேஜ் உதவிக்கும் எல்லாரும் சேர்ந்து மாவட்ட ஆபீஸுக்கே வரோம்."

சியோனே கயிற்றைக் கையில் இறுக்கிச் சுற்றிக்கொண்டாள்.

எலுபே ஒலிபெருக்கியை இன்னும் கீழே வைக்கவில்லை. கூட்டத்தின் பக்கம் திரும்பினாள்.

"எல்லாரும் கேட்டுக்குங்க. ரெண்டு பேர் இருந்த அறைக்கு ஒருத்தியை மட்டும் தண்டிக்கிற ஊருக்கு ஒழுக்கம்ங்கிற வார்த்தையைச் சொல்லவே தகுதி இல்ல. அதிகாரத்துல இருக்கிறவனை விட்டுட்டு அகப்பட்டவளைப் பார்த்துச் சிரிச்சா, நாளைக்கு அவன் தைரியமா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டுவான். அது என் வீடா இருக்கலாம், உங்க வீடா இருக்கலாம். நமக்கு ஒழுக்கம் சொல்லிக் குடுக்க வர்றவங்க முதல்ல அவங்க ஆட்டைக் கொண்டுவந்து கட்டட்டும். அதுவரைக்கும் நம்ம வீட்டு ஆட்டுக் கயித்துல யாரும் கை வைக்கக்கூடாது."