நீரஜா வரி கட்டினாள்

1

இந்தக் கதை எனக்குப் பாண்டி பஜாரில் ஓர் ஆடிட்டரின் வாய்வழியாகக் கிடைத்தது. நான் அவரிடம் போனது சொந்த விவகாரமாக. என் மகன் கல்லூரியில் படித்துக்கொண்டே மாலையில் ஓர் அச்சகத்தில் புரூஃப் பார்க்கிறான். அவனும் வருமான வரி கட்ட வேண்டுமா என்று கேட்கப் போனேன். ஆடிட்டர் சிரித்தார். படிக்கிற பிள்ளை என்பதற்காகச் சர்க்கார் யாரையும் விட்டுவிடாது, எல்லையைத் தாண்டினால் மாணவனும் கட்டத்தான் வேண்டும், ஆனால் உங்கள் பையன் வாங்கும் காசுக்கு அந்தக் கவலை இப்போதைக்கு வராது என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டே ஒன்று சொன்னார்.

"என் சர்வீஸ்ல ஒரே ஒரு ஸ்டூடண்ட்தான் தானா வந்து ஒழுங்கா வரி கட்டினா. அப்படி ஒருத்தி கிடையாதுங்கறதுதான் கஷ்டம்."

அதற்குள் அடுத்த கட்சிக்காரர் வந்துவிட்டதால் அவர் மேலே ஒன்றும் சொல்லவில்லை. நான் எழுந்து வந்துவிட்டேன். மீதி எல்லாம் என் கற்பனை. இதுவரை அப்படித்தான் நினைத்துக்கொண்டிருக்கிறேன்.

2

முதலில் இப்படித் தொடங்கினேன்: "தீபாவளி நெருங்க நெருங்க உஸ்மான் ரோட்டில் எள் போட்டால்"

விட்டுவிட்டேன். அந்த எள்ளைப் போடாத கதாசிரியனே கிடையாது.

அடுத்தது: "நீரஜா கண்ணாடி முன் நின்று, தன் முகத்தை"

இதையும் விட்டுவிட்டேன். அவள் இவ்வளவு சீக்கிரம் வரக் கூடாது. அவளை உண்டாக்கப் போகிறவன் அல்லவா முதலில் வர வேண்டும். முடிக்காத வாக்கியமாக இருந்தாலும் அவளை அதில் நிறுத்தியிருக்கக் கூடாது என்று பிற்பாடு தெரிந்துகொண்டேன்.

ஆகவே ஜவஹர். திருச்செந்தூர்ப் பக்கத்துப் பையன். மயிலாப்பூரில் ஒரு கல்லூரியில் பி.காம். மாலையானால் பஸ் ஏறி தியாகராய நகருக்கு வந்து, சுயம்புலிங்கம் அண்ணாச்சியின் ஜவுளிக்கடையில் கணக்கு எழுதுவான். கடைக்குள் இல்லை, கடைக்குப் பின்னால் பேல் பேலாகத் துணி அடுக்கியிருக்கும் கோடவுனில். மாதம் எழுபத்தைந்து ரூபாய். அதை அண்ணாச்சி கல்லாவிலிருந்து எடுத்து அவன் சட்டைப் பையில் தன் கையாலேயே வைப்பார். சம்பளப் பதிவேட்டில் அவன் பெயர் இல்லை. ஒருமுறை அவனே கேட்டுப் பார்த்தான்.

"நம்ம ஊர்ப் பயலுக்கு எதுக்குல ஆள்கணக்கு? நீ நம்ம வீட்டுப் பிள்ளைல்லா" என்றார் அண்ணாச்சி.

அதை அவர் பிரியமாகத்தான் சொன்னார். ஊர்ப் பையன்களைக் கூலிக்காரர்களோடு சேர்த்துப் பதிவேட்டில் எழுதுவது அவர்கள் வழக்கத்தில் மரியாதைக் குறைவு. ஜவஹருக்கும் மனம் குளிர்ந்துதான் போயிற்று.

எழுபத்தொன்றாம் வருஷத் தீபாவளிக்குக் கல்லூரிப் பிள்ளைகள் பலர் பகுதிநேர வேலைக்கு வந்தார்கள். அவர்களோடு இன்னும் நாலைந்து பேர் வந்ததாக எழுதிவிடு, செலவு கூடினால் கடைக்கு வரி குறையும் என்று அண்ணாச்சி சொன்னார். ஜவஹருக்கு நாலைந்து கையெழுத்து வரவில்லை. ஆண் பெயர் எதைப் போட்டாலும் அவன் கையெழுத்தாகவே வந்து விழுந்தது. கடைசியில் ஒரே ஒரு பெண் பெயரைப் பிடித்துக்கொண்டான். நீரஜா, பி.ஏ. மாணவி, சித்திரக்குளம் வடக்கு வீதி. கதவிலக்கம் ஒன்றும் போட்டான். மொத்தப் பொய்ச் சம்பளத்தையும் அவள் தலையில் எழுதினான். பணம் அண்ணாச்சியின் மடிக்கே திரும்பிப் போனது.

பண்டிகை முடிந்ததும் அவளை நிறுத்தியிருக்க வேண்டும். நிறுத்தவில்லை. அவன் தனக்குச் சம்பளம் கூட்டிக் கேட்டு, படிக்கிற பயலுக்கு இது போதும் என்று அண்ணாச்சி சொன்ன வாரத்தில், நீரஜாவுக்குச் சம்பளம் கூட்டினான். பொங்கலுக்கு அவளுக்குப் போனஸ். கணக்கு முடிக்கிற மாதங்களில் ஓவர்டைம். மழை கொட்டிய ஒரு கார்த்திகையில் சம்பளத்தோடு லீவு கொடுத்துவிட்டு, அந்தப் பெண்ணுக்குச் சளி பிடித்திருக்குமோ என்று கொஞ்ச நேரம் யோசித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். ரெவின்யூ ஸ்டாம்பின் மேல் அவளுக்காகக் கையெழுத்துப் போடும்போது மட்டும் பேனாவைச் சற்றுச் சாய்த்துப் பிடிப்பான். எனக்கு இந்தப் பையனை ரொம்பப் பிடித்திருக்கிறது.

(அப்போது வருஷத்துக்கு ஐயாயிரத்தைத் தாண்டினால் வரி. சாயங்காலம் மட்டும் துணி மடிக்கும் ஒரு மாணவி அதைத் தாண்டுவது நடக்கிற காரியமில்லை. ஜவஹர் வருமான வரிப் பாடத்தில் நல்ல மார்க் வாங்கியவன். அவளுடைய விஷயத்தில் கூட்டிப் பார்க்க அவனுக்குத் தோன்றவே இல்லை.)

3

கடை முகவரிக்கு நோட்டீஸ் வந்தது. நீரஜா ஏன் வருமானக் கணக்குத் தாக்கல் செய்யவில்லை என்று அதில் கேட்டிருந்தார்கள். அண்ணாச்சி அதை ஜவஹரிடம் நீட்டி, அந்தப் பிள்ளை நின்று போய்விட்டது, இருக்கிற இடம் தெரியாது என்று சொல்லிவிட்டு வரும்படி அனுப்பினார்.

ஜவஹர் நுங்கம்பாக்கத்து வரி அலுவலகத்துக்குப் போனான். வழியெல்லாம் சொல்ல வேண்டியதை மனப்பாடம் செய்துகொண்டே போனான். வாசலில் ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்த பியூன் அவன் கையிலிருந்த தாளைப் பார்த்தார்.

"இன்னா நைனா, லேட்டா வர்றே? அந்தப் பொண்ணு இப்பத்தான் சலானக் குடுத்துட்டுப் போச்சு. நீயும் கூட வருவேன்னு சொல்லிக்கினு இருந்துச்சே."

உள்ளே குமாஸ்தா எடுத்துக் காட்டினார். கணக்குத் தாக்கல் ஆகியிருந்தது. வரி பைசா சுத்தமாகக் கட்டப்பட்டிருந்தது. கையெழுத்து ஜவஹரின் சாய்ந்த எழுத்து. அதைக்கூட அவன் எப்படியோ சமாளித்துக்கொண்டிருப்பான். ஆனால் அவள் காட்டியிருந்த வருமானத்தில், பங்குனி மாதத்து அன்பளிப்பு என்று ஒரு தொகை இருந்தது. அதை அவன் எழுதவில்லை. கொடுக்கலாமா என்று மனசுக்குள் நினைத்தான், அவ்வளவுதான். யாரிடமும் சொல்லவில்லை.

அவன் வெளியே வந்து நடைபாதையில் உட்கார்ந்துவிட்டான்.

4

இந்த இடத்தில் ஒரு நேர்மையான கதாசிரியன் ஜவஹரைச் சித்திரக்குளத்துக்கு அனுப்பி, அங்கே அந்தக் கதவிலக்கமே இல்லை என்று காட்டி, அவனுக்கு ஆறுதல் அளிப்பான். நானும் அப்படித்தான் அனுப்பினேன். வடக்கு வீதியின் கடைசி வீட்டோடு எண்கள் முடிந்துபோயின. அவன் எழுதிய எண் அதற்கு மேல். அந்த வீட்டுக்கு அப்பால் ஒரு மதில் சுவர்தான். ஜவஹர் மூச்சு விட்டான். இருந்தாலும் மனசு கேட்காமல், கடைசி வீட்டு வாசலில் கோலப்பொடி டப்பாவோடு நின்ற காமாக்ஷி மாமியிடம், நீரஜா என்று யாராவது உண்டா என்று கேட்டான்.

என் முதல் பிரதியில் மாமி, அப்படி யாரும் இல்லை என்று சொல்கிறாள். நன்றாக நினைவிருக்கிறது. சுத்தப் பிரதி எடுத்து முடித்துப் படித்தபோது அந்த இடத்தில் என் கையெழுத்தில் இப்படி இருந்தது:

"அவளா? கார்த்தால போவா, பொழுது சாய்ஞ்சு வருவா. எங்காத்தைத் தாண்டித்தான் போயிண்டிருக்கா. எந்த ஆத்துப் பொண்ணுன்னு நான் கேட்டுண்டதில்லே."

தாண்டிப் போனால் சுவர்தானே என்று ஜவஹர் கேட்கவில்லை. மாமிக்கும் அது ஒரு விஷயமாகப் படவில்லை.

நான் அடித்து எழுதிப் பார்த்தேன். மாமியை ஊருக்கு அனுப்பிப் பார்த்தேன். வீட்டைப் பூட்டி வைத்தேன். பூட்டிய வீட்டைத் தாண்டி ஒரு பெண் போனதாக அடுத்த வரி தானாக வந்தது. பேனாவை மூடி வைத்துவிட்டு, மறுநாள் காலையில் நேராக ஆடிட்டரிடம் போனேன். அந்தப் பையனுக்குக் கடைசியில் என்ன ஆயிற்று என்று கேட்டேன்.

அவர் என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார்.

"எந்தப் பையன்? நான் பையனைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே. பொண்ணு மட்டும்தான். வருஷா வருஷம் கட்டிண்டுதானே இருக்கா."

படி இறங்கும்போது எனக்கு அவளைப் பற்றிப் பயமில்லை. ஜவஹரைப் பற்றித்தான் பயமாக இருந்தது.

5

வரி அதிகாரி குலாம் முகம்மது நிதானமான மனிதர், யாரையும் அதட்டிப் பேசிப் பழக்கமில்லாதவர். கடையின் மூத்த விற்பனையாளரைவிட ஒரு மாணவி அதிகமாகச் சம்பாதித்திருப்பது அவர் கண்ணில் பட்டுவிட்டது. பதிவேட்டைக் கொண்டுவரச் சொன்னார். எழுதிய கையும் கையெழுத்துப் போட்ட கையும் ஒன்றுதான் என்பது அவருக்குப் பார்த்தவுடனே தெரிந்தது. எழுதியது யார், நோட்டீஸோடு வந்துபோன ஜவஹரா என்று அண்ணாச்சியைக் கேட்டார்.

அண்ணாச்சி பயந்துபோனார். பயந்தவர் செய்வதைச் செய்தார். தனக்கு எதுவும் தெரியாது, அந்தப் பெண்ணோடு வந்துபோன எவனோ ஒரு பயல் எழுதிக் கொடுத்திருக்கிறான், அவள் பேரைச் சொல்லிக் காசையும் அவனே கொண்டுபோயிருக்கிறான், தன் கடையில் ஜவஹர் என்று எவனும் வேலை பார்த்ததே இல்லை, வேண்டுமானால் பதிவேட்டைப் பாருங்கள் என்றார்.

பதிவேட்டில் ஜவஹர் இல்லை.

இதற்கு அர்த்தம் என்ன என்று ஜவஹருக்கு உடனே புரிந்தது. முதலாளி சொல்லித்தான் எழுதினான் என்று ஆக வேண்டுமானால், அவன் அங்கே வேலை பார்த்தான் என்பது முதலில் நிலைக்க வேண்டும். இல்லையென்றால் ஒரு பெண்ணின் கையெழுத்தைப் போட்டுப் பணம் திருடியவன் அவன் ஒருவன்தான். போலீஸ், கேஸ், கல்லூரியிலிருந்து வெளியே. கடைசி வருஷப் பரீட்சை அடுத்த மாதம். கடையில் ஒவ்வொருவரிடமும் போய்க் கெஞ்சினான். கூட டீ குடித்தவர்கள்கூட முகம் கொடுத்துப் பேசவில்லை. அண்ணாச்சி சொல்லி வைத்திருக்கிறார் என்றுதான் முதலில் நினைத்தான். பிறகு கவனித்தான். அவர்கள் நிஜமாகவே யாரென்று யோசிப்பவர்களைப்போல அவனைப் பார்த்தார்கள். ஊரிலிருந்து அவன் அம்மா புஷ்பம் எழுதும் கடிதமும் அந்த மாதம் வரவில்லை.

(அம்மாவின் கடிதத்தை நான் எழுதித்தான் வைத்திருந்தேன். எங்கே போயிற்று என்று தெரியவில்லை.)

விசாரணை நாளன்று அதிகாரியின் அறையில் ஜவஹர் உட்கார்ந்திருந்தான். எழுதியது நான்தான், அண்ணாச்சி சொல்லி எழுதினேன், அந்தப் பெண் நான் உண்டாக்கிய பெயர், அவ்வளவுதான் என்று சொல்லிவிடத் தீர்மானித்திருந்தான். அப்போது கதவைத் திறந்துகொண்டு ஒரு பெண் இருமியபடி உள்ளே வந்து, அவனுக்கு அடுத்த நாற்காலியில் உட்கார்ந்தாள். முகம் எப்படி என்று கேட்காதீர்கள். ஜவஹர் அவளுக்கு முகம் எழுதியதில்லை. நானும் முடிக்கவில்லை.

அதிகாரி அவளிடம், இவரைத் தெரியுமா என்று கேட்டார்.

"தெரியும் சார். கோடவுன்ல சாயந்தரம் பூரா எழுதிண்டே இருப்பார். வேற யாரும் இவரைக் கவனிச்சிருக்க மாட்டா. நான் பாத்திருக்கேன். சத்தியமாச் சொல்லுதேன்."

மயிலாப்பூர்ப் பேச்சின் கடைசியில் தன் ஊர்ச் சொல் வந்து விழுந்ததைக் கேட்டு ஜவஹருக்கு மயிர்க்கால் குத்திட்டது. ஆனாலும் இத்தனை நாளில் அவனுக்காக வாய் திறந்தவள் அவள் ஒருத்திதான். பயத்தோடு பயமாக அவன் கண் கலங்கியது.

குலாம் முகம்மது அவன் பக்கம் திரும்பினார்.

"தம்பி, நீங்க அந்தக் கடையில இருந்தீங்கன்னு சொல்ல இந்தப் பொண்ணைத் தவிர யாரும் இல்ல. இப்ப நீங்க சொல்லுங்க. இந்தப் பொண்ணு அங்க வேலை செஞ்சாங்களா, இல்லையா?"

6

செய்தாள் என்றால் அவன் பொய்க்கு அவனே முத்திரை குத்துகிறான். இல்லை என்றால் தனக்கிருக்கும் ஒரே சாட்சியை இல்லாமல் ஆக்குகிறான்.

முடிவு ஒன்று எழுதினேன். செய்தாள் என்கிறான். அதிகாரி கையெழுத்து வாங்கிக்கொண்டு அனுப்பிவிடுகிறார். இருவரும் சேர்ந்து பஸ் ஏறுகிறார்கள். கண்டக்டர் ஒரு டிக்கெட்தான் கிழிக்கிறார். அதை யார் வாங்கிக்கொண்டார்கள் என்று எழுதப் போனேன்; கை ஓடவில்லை.

முடிவு இரண்டு. இல்லை சார், அவளை நான்தான் உண்டாக்கினேன் என்கிறான். அதிகாரி நிமிர்ந்து பார்த்துவிட்டு, பியூனைக் கூப்பிட்டு, அறையில் யாரும் இல்லாதபோது ஃபேனை ஏன் ஓட

இதை முடிக்க எனக்கு மனசில்லை. அவன் என்ன பாவம் செய்தான்? பிழைக்க வந்த இடத்தில் பேச்சுத் துணைக்கு ஒரு பெயர் எழுதினான். நான் செய்வதும் அதுதானே. வரி கட்டியவள் சர்க்கார் கணக்கில் பத்திரமாக இருக்கிறாள், ஆடிட்டரே சொல்லிவிட்டார். இவன் எந்தக் கணக்கிலும் இல்லை. நான் சாட்சி சொன்னாலும் செல்லாது. உண்டாக்கியவன் சாட்சி அந்த அறையில் எடுபடவில்லை என்பதை இரண்டாம் முடிவிலேயே பார்த்தோமே.

அதனால் நான் எழுந்துகொள்கிறேன். அதிகாரி இன்னும் பதிலுக்குக் காத்திருக்கிறார். நீரஜா கைக்குட்டையால் வாயைப் பொத்தி இருமுகிறாள். ஜவஹர் அவளையும் பார்க்கவில்லை, அவரையும் பார்க்கவில்லை. இவ்வளவு நேரம் தன்னோடு கோடவுனில் இன்னொருவரும் இருந்தார் என்று அவனுக்கு இப்போதுதான் உறைக்கிறது. உங்கள் பக்கம் திரும்புகிறான்.

"நீங்க பாத்தீங்கல்லா. நான் அங்க இருந்தேன்னு ஒரு வார்த்தை சொல்லுங்க."