அரை அங்குலம் தள்ளி நின்ற சிவப்பு

அந்தக் கோடையில் ஊரிலிருந்த சிவப்பு முழுவதும் தன் தன் பொருளை விட்டு அரை அங்குலம் இடப்பக்கம் தள்ளி நின்றது. இடப்பக்கம் என்றால் ரயில் நிலையம் இருக்கும் பக்கம். நூற்றாண்டு முடிய இன்னும் இருபத்திரண்டு கோடைகள் இருந்தன. நாள் செவ்வாய்க்கிழமை, நேரம் காலை பதினொன்று பத்து. சிலர் பதினொன்றே கால் என்கிறார்கள். அந்த ஐந்து நிமிட வேறுபாட்டைத் தீர்க்க இப்போது வழியில்லை. தபால் பெட்டியின் வலது ஓரத்தில் அரை அங்குலம் வெறும் இரும்பு தெரிந்தது, இடது ஓரத்தில் அரை அங்குலம் சிவப்பு காற்றில் நின்றது. அதற்குள் விரலை விட்டு எடுக்க முடிந்தது, விரலில் ஒன்றும் ஒட்டவில்லை. உதட்டுச் சாயம் பூசியவர்களின் சிரிப்பு பாதி கன்னத்துக்குப் போயிருந்தது. சவரம் செய்யும்போது கீறிக்கொண்டவர்கள் பஞ்சை எங்கே வைப்பது என்று கண்ணாடி முன்னால் தடுமாறினார்கள்.

முதலில் கண்டுகொண்டவர்கள் சலவைக்காரர்கள். சிவப்புத் துணியை எத்தனை முறை அடித்துத் துவைத்தாலும் தண்ணீர் தெளிவாகவே ஓடியது. சிவப்பு துணிக்குள் இல்லாமல் வெளியே நின்றதால் தண்ணீர் அதைத் தொடவே இல்லை. தேர்தல் நேரம் என்பதால் இதை வைத்து ஒரு கேலி கிளம்பியது. "எல்லாக் கட்சிக்கும் ஒருநாள் சாயம் வெளுக்கும், சிவப்புச் சட்டைக்கு மட்டும் வெளுக்காது" என்று பேருந்துகளில் பேசிக்கொண்டார்கள்.

காரணம் யாருக்கும் மர்மமாக இருக்கவில்லை. சந்தைக்குப் பின்புறத் தெருவில் இருந்த அச்சகத்தின் பெரிய இயந்திரம்தான் காரணம். அது ஒரு நேரத்தில் ஒரு நிறம் மட்டுமே அடிக்கும். ஒரே தாள் மஞ்சளுக்கு ஒருமுறை, சிவப்புக்கு ஒருமுறை, நீலத்துக்கு, கறுப்புக்கு என்று நான்கு முறை உள்ளே போய் வர வேண்டும். தாளின் ஓரத்தில் ஒவ்வொரு நிறமும் ஒரு சின்னக் கூட்டல் குறியை விட்டுச் செல்லும். நான்கு குறிகளும் ஒன்றின்மேல் ஒன்றாக விழுந்தால் படம் சரி. தாளைப் பக்கவாட்டில் நகர்த்த ஒரு திருகு உண்டு. அந்தத் திருகைத் தொடும் உரிமை மெஷின்காரர் ஒருவருக்குத்தான். அவர் நாற்பத்தோரு வயதுக்காரர். பதினேழு ஆண்டுகளாக நூல் பிசகாமல் அடித்தவர் என்பதால் அவரைப் 'பிசகாதவர்' என்றே அழைத்தார்கள். நூறு தாளுக்கு ஒரு தாளை உருவி, பூதக்கண்ணாடியைக் கண்ணில் வைத்துக் கூட்டல் குறியைப் பார்ப்பார். வீட்டில் சாப்பிடும்போதுகூடத் தட்டை மேசையின் ஓரத்துக்கு நேராக நகர்த்தி வைத்துவிட்டுத்தான் கை வைப்பார்.

அந்த வாரம் நான்கு வேலைகள் ஒன்றாக வந்து விழுந்தன: பிள்ளைகளின் வாரச் சித்திரக்கதை ஒன்றின் கோடைச் சிறப்பிதழ் அட்டை, தையற்கடைகளுக்கான புது மோஸ்தர் புத்தகத்தின் அட்டை, ஓர் இசைக்குழுவின் முதல் இசைத்தட்டுக்கு உறை, ஆளுங்கட்சியின் சுவரொட்டி. நேரமில்லாததால் முதலாளி நான்கையும் ஒரே பெரிய தாளில் சேர்த்து அடித்துப் பிறகு வெட்டிக்கொள்ளச் சொன்னார். சிவப்பு ஓடிக்கொண்டிருந்தபோது மெஷின்காரரின் மைத்துனன், அவர் மனைவியின் தம்பி, உள்ளே வந்தான். இருபத்திரண்டு வயது, நெட்டை, அந்த இசைக்குழுவில் கிதார் வாசிப்பவன். இசைத்தட்டின் உறையில் தன் முகம் தக்காளி மாதிரி இருக்கிறது என்று குறைபட்டான்.

"அத்தான், கொஞ்சம் சிவப்பக் குறைங்களேன். வெயில்ல வெந்தவன் மாதிரி இருக்கேன்."

"உன் மூஞ்சிக்குன்னு தனியாக் குறைக்க முடியாதுடா. அச்சுத் தட்டு முழுக்க ஒரே மைதான். குறைச்சா கட்சிக்காரங்க சுவரொட்டியும் வெளிறிப் போகும்."

"போனாப் போகட்டுமே. ஊருக்கு நல்லதுதான?"

மெஷின்காரர் சிரித்தார். அவர் வேலைநேரத்தில் சிரித்தது பதிவான ஒரே தடவை அது. அந்தச் சிரிப்பில் ஒரு நூறாவது தாள் பார்க்கப்படாமல் போனது. திருகு ஏற்கெனவே தளர்ந்திருந்தது. அடுத்த தாளை அவர் உருவிப் பார்த்தபோது சிவப்பின் குறி மஞ்சளின் குறியை விட்டு அரை அங்குலம் தள்ளி நின்றது. தலை நிமிர்ந்தபோது சுவரிலிருந்த தீயணைப்பு வாளியின் சிவப்பும் அதே அளவு தள்ளி நின்றது. அவர் திருகை ஒரு மயிரிழை திருப்பிப் பார்த்தார். வாளியின் சிவப்பு அசைந்தது. தெருவில் நின்ற தபால் பெட்டியின் சிவப்பும் கூடவே அசைந்ததை எதிர்க்கடைக்காரர் பார்த்திருக்கிறார்.

அன்றே சரிசெய்ய, திருகை இறுக்கும் சாவியை அவர் எடுத்தார். முதலாளி தடுத்துவிட்டார். ஏனென்றால் அன்று மாலைக்குள் ஊருக்கு அது பிடித்துப் போயிருந்தது. அடுத்த நாட்களில் வெளிவந்த சித்திரக்கதையில் துப்பறிவாளரின் சிவப்புக் கையுறை கையை விட்டுத் தள்ளி நின்றதைப் பார்த்து, "அவருக்கு உடம்பு சரியில்லையா?" என்று கேட்டு நாற்பது பிள்ளைகள் கடிதம் எழுதினார்கள். இதழ் இரண்டே நாளில் தீர்ந்தது. இளைஞர்கள் தலை முதல் கால்வரை சிவப்பாக உடுத்தினார்கள். நடப்பவரின் சிவப்பு கணப்பொழுது தாமதமாகப் பின்தொடரும் என்பதால், ஓடுவதும் சட்டென்று நிற்பதும் திரும்புவதும் அந்தக் கோடையின் நாகரிகமாயின. "இப்பப் போய் அத நேராக்கிடாதீங்க. தேர்தல் முடியட்டும், பாத்துக்கலாம்" என்றார் முதலாளி. மெஷின்காரர் சாவியைக் கீழே வைத்தார். ஆனால் அன்றிலிருந்து அவருக்குச் சோறு இறங்கவில்லை. தவறான ஒரு தாளுக்குள் ஊரே குடியிருக்கிறது, அதை அடித்த கை தன்னுடையது என்ற நினைப்பு அவரை அரித்தது. தூக்கத்தில் அவர் வலது கட்டைவிரல் தானாகத் திருகிக்கொண்டிருந்ததாக அவர் மனைவி சொல்லியிருக்கிறார்.

மனைவி தையற்காரர். வீட்டின் முன்னறையிலேயே இயந்திரம் வைத்திருந்தார். தம்பிக்கு அந்தக் கோடையின் அளவில் ஒரு சிவப்புப் பெல்பாட்டம் தைத்துக் கொடுத்தார், கால்வாய், அதாவது காலின் கீழ் விளிம்பு, இருபத்தாறு அங்குலம். எடுத்த துணி இருபத்தாறுக்குப் போதவில்லை. இடது காலின் வெளிப்பக்கத்தில் கொஞ்சம் அடர்ந்த சிவப்பில் ஒரு முக்கோணத் துண்டு வைத்து இணைத்தார். "யாருக்கும் தெரியாது, போ" என்றார். "எனக்குத் தெரியுமேக்கா" என்றான் தம்பி. "நீ மேடையில ஆடுறப்ப எவன் உன் காலப் பாக்கப் போறான்? காதப் பொத்திக்கிட்டு ஓடுறதுக்கே நேரம் பத்தாது" என்று நூலைப் பல்லால் கடித்து அறுத்தார். அதைப் போட்டுக்கொண்டு அவன் ஆடியபோது கால் முன்னால் ஆடியது, சிவப்பு அரைத் தாளம் பின்னால் ஆடியது. அதைப் பார்ப்பதற்கென்றே ஆட்கள் வந்தார்கள்.

கோடையின் ஏழாவது வாரம் பேருந்துத் தொழிலாளர்கள் வேலைநிறுத்தம் செய்தார்கள். ஆளுங்கட்சி கூட்டங்களைத் தடை செய்தது. பாட்டுக் கச்சேரிக்குத் தடை இல்லாததால் தொழிலாளர்கள் இசைக்குழுவை அழைத்தார்கள். பேருந்து நிலையத்துக்கு முன்னால் உள்ள அகலச் சாலையில் மதியம் மூன்று மணிக்குக் கச்சேரி தொடங்கியது. நாலரைக்குத் துப்பாக்கிகள் வெடித்தன. எவ்வளவு நேரம் என்பதில் இரண்டு கணக்குகள் உண்டு: நான்கு நிமிடம், ஏழு நிமிடம். வண்டிகள் வந்து கிடந்தவர்களை ஏற்றிக்கொண்டு போயின. மறுநாள் காலை தீயணைப்பு வண்டி சாலையைக் கழுவியது. பத்து மணிக்கு வானொலியில் அறிக்கை வாசித்தார்கள். யாரும் சுடப்படவில்லை, வெடித்தது ஒலிபெருக்கி, காணாமல் போனதாகச் சொல்லப்படுகிறவர்கள் வேலை தேடி வெளியூர் போயிருக்கிறார்கள்.

சாலை சுத்தமாக இருந்தது. ஆனால் சிவப்பு கழுவப்படவில்லை. தண்ணீர் இரத்தத்தைத்தான் தொட்டது. சிவப்பு அரை அங்குலம் தள்ளி, நனையாமல் நின்றது. அதுவரை நடப்பவரைப் பின்தொடர்ந்தே பழகியிருந்த சிவப்பு, தூக்கிக்கொண்டு போகப்பட்டவர்களின் பின்னால் போகவில்லை. உடையின் சிவப்பும் உடம்பின் சிவப்பும் அவர்கள் விழுந்த வடிவத்திலேயே கிடந்தன. மொத்தம் ஏழு இடங்கள். இரண்டு இடங்கள் ஒன்றன்மேல் ஒன்று படிந்திருப்பதாகக் கொண்டால் எட்டு. காவலர்கள் மண் கொட்டினார்கள். மண்ணுக்கு மேல் வந்து நின்றது. தார் பூசினார்கள். தாருக்கு மேல் வந்து நின்றது.

மூன்றாம் நாள் ஓர் அதிகாரி அச்சகத்துக்கு வந்தார். ஊர் முழுவதற்கும் தெரிந்த விஷயம் அவருக்கும் தெரிந்திருந்தது. திருகைப் பழைய இடத்துக்குத் திருப்பினால் சிவப்பு முழுவதும் தன் பொருளுக்குள் போய்விடும். சாலையின் சிவப்பும் சாலைக்குள் இறங்கும், பிறகு ஒரு வாளித் தண்ணீர் போதும். அவர் அதட்டவில்லை. நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தார்.

"நீங்க பிசகாதவர்னு பேர் எடுத்தவராமே. ஒரு சின்னப் பிசகு. சரி பண்ணிடுங்க. உங்களுக்கும் நிம்மதி, ஊருக்கும் நிம்மதி."

முதலாளியும் கூட நின்று, "மோஸ்தரும் அடங்கிப்போச்சு. அடம் பிடிக்காதீங்க" என்றார். முன்பு வேண்டாம் என்றவரும் அவர்தான் என்பதை மெஷின்காரர் சொல்லிக்காட்டவில்லை. அதிகாரி சொன்ன அந்த ஒரு சொல்லுக்காகத்தான் அவர் ஏழு வாரமாகக் காத்திருந்தார். சரி பண்ணிடுங்க. ஒரு தனி இடத்தின் சிவப்பை மட்டும் விட்டுவைக்க முடியுமா என்று கேட்டார். கேட்கும்போதே அவருக்குப் பதில் தெரியும். தட்டு முழுக்க ஒரே மை. நகர்ந்தால் எல்லாம் நகரும். நாளை மதியம்வரை நேரம் கொடுங்கள் என்றார்.

வீட்டில் அவர் எதையும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. மனைவி தையல் இயந்திரத்தின் முன்னால் நூல் கோக்காமல் உட்கார்ந்திருந்தார். தம்பி எங்கே என்று மூன்று அலுவலகங்களில் விசாரித்துவிட்டு வந்திருந்தார். மூன்றிலும் வெளியூர் என்றே சொல்லியிருந்தார்கள். "எந்த ஊரு?" என்று அவர் கேட்டதற்கு மூன்றாவது ஆள், "அது உங்களுக்குத்தான் தெரியணும், அக்காங்கிறீங்க" என்று சொல்லியிருந்தான்.

"எனக்கு அவன் உசுரோட இருக்கானோ இல்லையோ, அது தெரியணும்" என்றார். "நாளைக்கு நீங்க என் கூட வாங்க. கண்ணாடிய எடுத்துக்குங்க."

மறுநாள் காலை பதினொரு மணிக்கு இருவரும் அகலச் சாலைக்குப் போனார்கள். அவர் பூதக்கண்ணாடி எடுத்துக்கொண்டார், மனைவி அளவு நாடா எடுத்துக்கொண்டார். காவலுக்கு நின்ற இளைஞன் தடுக்க வந்தான். "அளவெடுக்கத்தான் தம்பி" என்று மனைவி சொன்னது அவனுக்கு விளங்கவில்லை. ஆனால் ஒதுங்கிக்கொண்டான். முதல் மூன்று இடங்களை மனைவி பார்த்த மாத்திரத்தில் கடந்தார். நான்காவது இடத்தில், ஒலிபெருக்கிக் கம்பத்துக்கு அருகில், மண்டியிட்டார். தார்மேல் இரண்டு நீண்ட கால்களின் சிவப்பு, மடிந்து கிடந்தது. கால்வாய்க்கு நாடாவை வைத்தார். இருபத்தாறு. இன்னொரு காலுக்கு வைத்தார். இருபத்தாறு. இடது காலின் வெளிப்பக்கத்தைக் கணவரிடம் காட்டினார். அவர் பூதக்கண்ணாடியைக் கண்ணில் பொருத்திக் குனிந்தார். அடர்ந்த சிவப்பில் ஒரு முக்கோணம் இருந்தது. தையலின் ஓட்டைகள்கூட வரிசையாகத் தெரிந்தன. அங்குலத்துக்குப் பன்னிரண்டு. மனைவி வழக்கமாகப் போடும் எண்ணிக்கை.

மனைவி நாடாவைச் சுருட்டினார். அழவில்லை என்று பார்த்தவர்கள் சொல்கிறார்கள். முகத்தைச் சாலைக்குத் திருப்பி இருந்ததால் உறுதியாகச் சொல்ல முடியாது. எழுந்து, "வெளியூர் போகல" என்றார். "இங்கதான் இருக்கான்."

மதியம் அதிகாரி வந்தபோது மெஷின்காரர் இயந்திரத்தின் பக்கத்தில் கை கழுவிக்கொண்டு நின்றார். திருகு இருந்த இடத்தில் ஒரு துளை மட்டும் இருந்தது. அதிகாரி துளையைப் பார்த்தார், பிறகு அவரைப் பார்த்தார்.

"என்ன, சரி பண்ணிட்டீங்களா?"

"பாத்துட்டேங்க. ரெண்டு தடவ கண்ணாடி வெச்சுப் பாத்துட்டேன். சிவப்பு அதோட எடத்துல சரியாத்தான் நிக்குது. மத்ததெல்லாந்தான் நகந்திருக்கு."

பதினேழு ஆண்டுகளில் அவர் ஒரு தாளையும் சரியாக இல்லாதபோது சரி என்று சொன்னதில்லை. அன்று இரவு அவருக்குத் தூக்கம் வந்தது. கட்டைவிரல் அசையவில்லை. மறுநாள் அவரை அழைத்துப்போய் ஒன்பது நாள் வைத்திருந்தார்கள். திருகு எங்கே என்று கேட்டார்கள். அவர் சொல்லவில்லை. அது மனைவியின் பொத்தான் டப்பாவில், கோட்டுப் பொத்தான்களுக்கு நடுவே கிடந்தது. வீட்டைச் சோதித்தவர்கள் டப்பாவைத் திறந்து பார்த்துவிட்டு மூடினார்கள். தலைநகரிலிருந்து வந்த இரண்டு பொறியாளர்கள் புதுத் திருகு கடைந்து மாட்டித் திருப்பினார்கள். தாள் நகர்ந்தது, சிவப்பு நகரவில்லை. தேர்தலில் அதே கட்சி சொற்ப வாக்குகளில் வென்றது, அடுத்ததில் தோற்றது. வானொலியில் வாசித்த அறிக்கையை இன்றுவரை யாரும் திரும்பப் பெறவில்லை. பெற வேண்டும் என்று கேட்டவர்களும் வரவரக் குறைந்தார்கள், ஏனென்றால் சாலையில் போய்ப் பார்த்துக்கொள்ளலாம்.

பிறகு பெல்பாட்டம் போனது. இசைத்தட்டுகள் போய் நாடாக்கள் வந்து அவையும் போயின. இசைக்குழுவில் மீதியிருந்த மூவர் சில ஆண்டுகள் கிதாருக்குரிய இடத்தில் மௌனம் விட்டு வாசித்தார்கள். கேட்பவர்கள் அந்த இடத்தில் தாமாகத் தாளம் போட்டார்கள். துப்பறிவாளரின் கையுறை கையை விட்டுத் தள்ளியே இருந்தது, அவருக்கு உடம்பு எப்படி என்று பிள்ளைகள் கேட்பதை நிறுத்தினார்கள். உதட்டுச் சாயத்தை எங்கே பூசினால் எங்கே விழும் என்பதைப் பெண்கள் பத்து வயதிலேயே கற்றுக்கொண்டார்கள். வேறு ஊருக்குப் படிக்கப் போன ஒரு பெண், அங்கே சிவப்பெல்லாம் பொருளோடு ஒட்டிக் கிடக்கிறது, பார்க்கவே மூச்சு முட்டுகிறது என்று வீட்டுக்கு எழுதினாள்.

அகலச் சாலைக்கு மூன்று முறை புதுத் தார் போட்டுவிட்டார்கள். ஏழு இடங்களும், அல்லது எட்டு இடங்களும், மேலே வந்து நிற்கின்றன. பேருந்துகள் அங்கே சற்று வலப்பக்கம் ஒடித்துப் போகும். புது ஓட்டுநர்களுக்கு இதைச் சொல்லிக்கொடுப்பதில்லை, முன்னால் போகும் வண்டியைப் பார்த்து அவர்களே ஒடிக்கிறார்கள். கோடையின் ஏழாவது வாரத்தில் ஒரு நாள் தையற்காரர் அளவு நாடாவுடன் வருவார். முட்டி மடங்காத வயது என்பதால் இப்போது ஒரு முக்காலியும் கொண்டுவருகிறார். பேருந்துகள் காத்திருக்கும். இந்த ஆண்டும் வந்தார். அளந்தார். இருபத்தாறு.