ஒன்பதாவது இல்லம்

அண்ணனின் சட்டையில் மூன்றாவது பொத்தானை நான்காவது ஓட்டையில் மாட்டிவிட்டு, கடைசியில் ஒரு பொத்தான் மிஞ்சி நிற்பதைப் பார்த்து முழித்துக்கொண்டிருந்தார் சின்னவர். அப்போதுதான் தங்கை வந்து சேர்ந்தாள். ராத்திரி முழுக்க ரயிலில் உட்கார்ந்தே வந்தவள். பையை வாசலிலேயே போட்டுவிட்டு, கூடத்துக் கட்டிலில் கிடத்தியிருந்த பெரியவரின் கால்களைப் பிடித்துக்கொண்டு அழுதாள். அழுது ஓய்ந்ததும் சின்னவரின் கையை விலக்கி, பொத்தான்களை எல்லாம் கழற்றி, முதலிலிருந்து சரியாகப் போட்டாள்.

"சின்னண்ணா, நீ பக்கத்துல இருந்தியே, அது போதும் எனக்கு. கடைசியா என்ன சொன்னார்?"

"ஒண்ணும் சொல்லலம்மா. தூங்கற மாதிரியே போயிட்டார்."

பொய் வாய் கூசாமல் வந்துவிட்டது. சமையலறை வாசலில் நின்ற அவர் மனைவி காபித் தம்ளரைத் தங்கையின் கையில் கொடுத்துவிட்டு, அவர் பக்கம் திரும்பாமலே உள்ளே போய்விட்டாள். முறைத்திருந்தால்கூடப் பரவாயில்லை என்றிருந்தது அவருக்கு.

நடந்தது வேறு. நேற்று ஞாயிற்றுக்கிழமை காலை பத்தரை மணிக்குப் பெரியவர் ஜன்னலோர நாற்காலியில் தலை சாய்த்தபோது, சின்னவர் ஊரின் மறுகோடியில் ஒரு முதியோர் இல்லத்தின் குளியலறையில் இருந்தார். சுவரில் பதித்திருந்த கைப்பிடிக் கம்பி தரையிலிருந்து எத்தனை அங்குலம் என்று டேப் வைத்து அளந்துகொண்டிருந்தார்.

அளப்பது அவருக்குப் பிழைப்பு. முப்பத்தொரு வருஷமாகக் கடை கடையாய் ஏறித் தராசுகளைச் சோதித்து முத்திரை குத்துகிற உத்தியோகம். அவர் தலை தெரிந்ததுமே கடைக்காரர்கள் துணியை எடுத்துத் தட்டைத் துடைக்க ஆரம்பித்துவிடுவார்கள். ஐந்து கிராம் கூடினாலும் விடமாட்டார், குறைந்தாலும் விடமாட்டார். "எடைக்கல்லை முழுங்கினவன்" என்று அவருக்குக் கடைத்தெருவில் ஒரு பேர் உண்டு. அது அவர் காதுக்கும் வந்திருக்கிறது. அவருக்கு அதில் ரகசியமாகப் பெருமைதான்.

பெரியவர் அவருக்கு அண்ணன் மட்டுமில்லை. அப்பா போனபோது பெரியவருக்குப் பத்தொன்பது வயது, தம்பிக்கு எட்டு, தங்கைக்கு நாலு. படிப்பை மூட்டை கட்டி வைத்துவிட்டு ஒரு மருந்துக்கடைக் கவுண்டருக்குள் நுழைந்தவர், நாற்பத்திரண்டு வருஷம் கழித்துத்தான் வெளியே வந்தார். கல்யாணப் பேச்சை எடுத்தால், "முதல்ல இதுங்க ரெண்டும் கரையேறட்டும்" என்பார். இரண்டும் கரையேறின. அப்புறம் அவரிடம் அந்தப் பேச்சை எடுக்க யாருக்கும் தோன்றவில்லை.

நாலு வருஷமாக மறதி. முதலில் சாவியை மறந்தார், பிறகு தெருவை, பிறகு பேர்களை. கடைசியில் மருந்துக்கடை ஒன்றுதான் மிஞ்சியது. காய்ந்த பட்டாணியைக் காகிதத்தில் மடித்துப் பொட்டலம் கட்டி, வருகிறவர் போகிறவருக்கெல்லாம் நீட்டுவார். "காலையில ஒண்ணு, ராத்திரி ஒண்ணு. சாப்பாட்டுக்கு அப்புறம்." பால்காரர் அதை மரியாதையாக வாங்கிப் பையில் போட்டுக்கொள்வார். "இன்னும் ரெண்டு நாள் வைத்தியம் பாத்தா எங்க வீட்ல ஒரு வேளைச் சமையலுக்கு ஆகும்மா" என்று சின்னவரின் மனைவியிடம் சொல்லிச் சிரிப்பார்.

நாலு மாதத்துக்கு முன்னால் ஒரு சாயங்காலம், வேலை முடிந்து உள்ளே நுழைந்த சின்னவரைப் பெரியவர் நிமிர்ந்து பார்த்து, "டாக்டர் சீட்டு கொண்டு வந்திருக்கீங்களா சார்?" என்று கேட்டார்.

சார்! சின்னவர் நேரே குளியலறைக்குப் போய்க் குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அழுதார். மறுநாளிலிருந்து தாமதமாக வீடு திரும்ப ஆரம்பித்தார். அதே வாரத்தில் பெரியவரைக் குளிப்பாட்டித் தூக்கியதில் மனைவிக்கு இடுப்புப் பிடித்துக்கொண்டது. "என்னால முடியலங்க" என்று ஒரு தடவை சொன்னாள். ஒரே ஒரு தடவைதான். அவருக்கு அது போதுமானதாக இருந்தது.

அடுத்த ஞாயிறே கிளம்பிவிட்டார். தங்கைக்குச் சொல்லவில்லை. "பெரியண்ணனை எங்கயும் கொண்டுபோய் விட்டுடாதே" என்று அவள் போனிலேயே சத்தியம் வாங்கியிருந்தாள். தூரத்தில் இருப்பவர்களுக்குச் சத்தியம் வாங்குவது சுலபம்.

முதல் இல்லத்தில் பினாயில் வாசனை தூக்கலாக இருந்தது. எதையோ மறைக்கிறார்கள் என்று தள்ளிவிட்டார். இரண்டாவதில் மாடிப்படி செங்குத்து. மூன்றாவதில் பத்துப் பேர் சத்தம் வராத டிவியைப் பார்த்தபடி வரிசையாக உட்கார்ந்திருந்தார்கள். நாலாவதில் எடை பார்க்கும் மெஷின் இரண்டு கிலோ கூட்டிக் காட்டியது. ஆறாவதில் சுவர்க் கடிகாரம் பத்து நிமிஷம் பின்தங்கியிருந்தது, அதற்காகவே கழித்துக் கட்டினார். ஏழாவதில் ஒரு குறையும் கிடைக்கவில்லை. மேனேஜர் அளவுக்கு மீறிச் சிரிக்கிறார் என்று நோட்டில் எழுதிக்கொண்டு, வழக்கம்போல அடுத்த ஞாயிறும் அங்கேயே போய் அந்தச் சிரிப்பை இன்னொரு தடவை பரிசோதித்துவிட்டு வந்தார். ஆடத் தெரியாதவள் கூடம் கோணல் என்றாளாம். முடிவெடுக்கத் தெரியாத மனுஷனுக்கு எந்தக் கூடம்தான் நேராக இருக்கும்?

ஒன்பதாவது இல்லத்தில் எல்லாம் சரியாக இருந்தது. கம்பி முப்பத்திநாலு அங்குலம். எடை மெஷின் கிராம் பிசகவில்லை. இரண்டு மணி நேரம் அவர் கேட்ட கேள்விக்கெல்லாம் தலைமை நர்ஸ் அலுக்காமல் பதில் சொன்னாள். கடைசியில், "எல்லாம் கேட்டீங்க சார். அவரைப் பத்தி ஒண்ணும் சொல்லலையே?" என்றாள். சேர்த்துக்கொள்வதற்கு முன்னால் அவர்களும் வீட்டுக்கு வந்து ஆளைப் பார்ப்பார்களாம். "நாளைக்கே வாங்க, பதினோரு மணிக்கு" என்று சொல்லிவிட்டு, கண்டுபிடித்துவிட்டோம் என்ற நிம்மதியோடு வரவேற்பறைக்கு வந்தார். அங்கே வாங்கி வைத்திருந்த போனைத் திருப்பிக் கொடுத்தார்கள். வீட்டிலிருந்து பதினாலு அழைப்புகள்.

அந்தப் பதினோரு மணியை இன்று அவர் அடியோடு மறந்திருந்தார். நர்ஸ் மறக்கவில்லை.

கையில் ஒரு ஃபைலோடு வாசலுக்கு வந்தவள், கழற்றிப் போட்டிருந்த செருப்புகளைப் பார்த்தாள். கூடத்துக் கட்டிலைப் பார்த்தாள். ஃபைலை மெதுவாக நெஞ்சோடு சேர்த்து வைத்துக்கொண்டாள்.

"யாரு நீங்க?" என்றாள் தங்கை. "அண்ணனுக்குத் தெரிஞ்சவங்களா?"

நர்ஸ் சின்னவரைப் பார்த்தாள். அவர் சுவரைப் பார்த்தார். சமையலறையிலிருந்து மனைவியின் குரல்தான் வந்தது. "நர்ஸம்மா. பெரியத்தானைப் பாக்க வந்திருக்காங்க. உள்ள வாங்கம்மா."

அதில் பொய் ஒன்றுமில்லை. நர்ஸ் கட்டில் பக்கம் போய்த் தலை குனிந்து ஒரு நிமிஷம் நின்றாள். பிறகு, சின்னவர் கையைக் காட்டியதால், சமையலறைக்கு வந்தாள்.

"மன்னிச்சிடுங்க சார். ஒரு போன் பண்ணிட்டு வந்திருக்கணும். நான் கிளம்பறேன்."

"அந்த ஃபைல்ல என்ன இருக்கு?"

"ஒண்ணுமில்ல சார். சும்மா சில கேள்விங்க. எங்க ஆளுங்க அவரைப் புரிஞ்சுக்கறதுக்காக."

"கேளுங்க."

"இப்ப எதுக்கு சார்?"

"கேளுங்கம்மா. நேத்து நான் உங்களை எத்தனை கேள்வி கேட்டேன்! பதில் சொல்லாமலா விட்டீங்க?"

ஏன் அப்படி அடம்பிடித்தார் என்று அவருக்கே தெரியாது. அண்ணனைப் பற்றி யாராவது தன்னிடம் கேட்க வேண்டும், தான் சரசரவென்று சொல்ல வேண்டும் என்றிருந்தது. நர்ஸ் அவர் மனைவியைப் பார்த்தாள். அவள் பாத்திரம் துடைப்பதை நிறுத்தவில்லை. நர்ஸ் ஃபைலைத் திறந்தாள்.

"தூங்கும்போது எந்தப் பக்கம் சாஞ்சு படுப்பார்?"

சின்னவர் வாயைத் திறந்தார்.

"வலது பக்கம்" என்றாள் மனைவி. "இடது பக்கம் திரும்பினா இருமல் வந்துடும். காலுக்கு அடியில ஒரு தலகாணி வேணும்."

"காபி குடிப்பாரா, டீயா?"

"காபி" என்றார் சின்னவர், இதிலாவது முந்திக்கொள்கிறவர் போல.

"டீ" என்றாள் மனைவி. "காபி கசக்குதுன்னு விட்டு ரெண்டு மாசமாச்சு."

"பதட்டமானா எப்படிச் சமாதானப்படுத்துவீங்க?"

"பட்டாணியும் காகிதமும் குடுப்பேன். அதுக்கும் அடங்கலைன்னா, கடை வாசல்ல ஆள் நிக்கறாங்க, வந்து கவனிங்கன்னு சொல்வேன். உடனே கைய கழுவிட்டு வந்து உக்காந்துடுவார்."

நர்ஸ் அடுத்ததைக் கேட்கத் தயங்கினாள். சின்னவர் தலையாட்டினார்.

"அதிகமா யாரைத் தேடுவார்?"

மனைவி துணியைக் கீழே வைத்தாள். நேற்றிலிருந்து முதல் தடவையாகக் கணவர் முகத்தை நேராகப் பார்த்தாள்.

"தம்பிய."

"என்னையா? என்னைத்தான் அவருக்குத் தெரியலையே. சார்னு கூப்பிட்டாரே!"

"உங்களைத் தெரியாது. தம்பியத் தெரியும். எட்டு வயசுத் தம்பி. தினம் சாயங்காலம், ஸ்கூல் விட்டாச்சான்னு கேப்பார். இதோ வந்துடுவான்னு சொன்னா சும்மா இருப்பார். ஞாயித்துக்கிழமைதான் சமாளிக்க முடியாது. தெருவுல சத்தம் இல்லைன்னா கடை லீவுன்னு கண்டுபிடிச்சுடுவார். 'இன்னைக்கு ஸ்கூல் இல்லையே, இவன் எங்க போனான்?'னு வாசலையே பாத்துக்கிட்டு இருப்பார்."

"இதை ஏன் நீ சொல்லல?"

"ஞாயித்துக்கிழமையாவது வீட்ல இருங்கன்னு எத்தனை தடவை சொன்னேன்? நீங்க காதுலயே போட்டுக்கல. ஏழாவது இடம் எப்படி, எட்டாவது இடம் எப்படின்னு நோட்டைப் படிச்சுக் காட்டினீங்க." அவள் குரல் உயரவில்லை. "என் இடுப்பு வலி பத்து நாள்ல போயிடுச்சுங்க. அதையும் நீங்க கேக்கல."

"நேத்தும் தேடினாரா அண்ணி?"

கேட்டது தங்கை. எப்போது வந்தாளோ, சமையலறை நிலையைப் பிடித்தபடி நின்றுகொண்டிருந்தாள்.

அண்ணி தங்கையின் பக்கம் திரும்பினாள். "தேடினார். ஸ்பூனை வாய்கிட்ட கொண்டுபோனேன், தள்ளிட்டார். 'அவன் வரட்டும், சேர்ந்து சாப்பிடறோம்'னு சொன்னார். சரி, மூடி வைப்போம்னு கிண்ணத்தை எடுத்துக்கிட்டு இங்க வந்தேன். திரும்பிப் போறதுக்குள்ள..."

தலைக்கு மேல் வெள்ளம் போன பிறகு சாண் என்ன, முழம் என்ன என்பார்கள். சின்னவர் சாணும் முழமுமாக அளந்துகொண்டிருந்த பதினேழு ஞாயிறும், அண்ணன் ஒரு பையனுக்காக வாசலைப் பார்த்துக்கொண்டிருந்திருக்கிறார். எட்டு வயதுப் பையனாக அவரால் வந்து நின்றிருக்க முடியாதுதான். ஆனால் பக்கத்தில் உட்கார்ந்து, இதோ வந்துடுவான் என்று அவரே சொல்லியிருக்கலாம்.

"நான் பக்கத்துல இல்லம்மா" என்றார் தங்கையிடம். "உன்கிட்ட பொய் சொன்னேன். நாலு மாசமா அண்ணனுக்கு இல்லம் பாத்துக்கிட்டிருந்தேன். நேத்தும் அங்கதான் இருந்தேன். இவங்க அந்த இடத்துலேர்ந்துதான் வந்திருக்காங்க."

தங்கை கத்துவாள் என்று எதிர்பார்த்தார். கத்தினால் தேவலை. அவள் நர்ஸைப் பார்த்தாள், ஃபைலைப் பார்த்தாள்.

"இடம் எப்படி இருந்துச்சு?"

"நல்லா இருந்துச்சு. கைப்பிடிக் கம்பியெல்லாம் சரியா..."

"எங்கயும் விடாதேன்னு சத்தியம் வாங்கினேன்" என்றாள் தங்கை. "ஒரு மாசம் நான் வச்சுக்கறேன்னு என் வாயில வந்துச்சா?"

நர்ஸ் ஃபைலை மூடினாள். போகும்போது மனைவியின் கையைப் பிடித்து, "ரொம்ப நல்லா பாத்துக்கிட்டிருக்கீங்கம்மா" என்றாள். சின்னவரிடம் தலையை மட்டும் அசைத்துவிட்டு வெளியே போய்ச் செருப்பை மாட்டிக்கொண்டாள்.

ஒரு மணிக்குக் கூட்டம் வர ஆரம்பித்தது. கடைத்தெருவிலிருந்து ஆறேழு பேர், பெரியவர் வேலை பார்த்த மருந்துக்கடையின் இப்போதைய முதலாளி, பால்காரர். சின்னவர் வழக்கம்போல வாசலுக்கும் உள்ளுக்குமாக நடந்தார். வண்டி எத்தனை மணிக்கு, பூ எங்கே, யாருக்குத் தண்ணீர் வேண்டும். தங்கை அவர் தோளைத் தொட்டாள். உள்ளேயிருந்து ஒரு நாற்காலியை எடுத்து வந்து கட்டிலின் தலைமாட்டில் போட்டிருந்தாள்.

"இதுல உக்காரு."

"வண்டிக்காரனுக்குப் போன் பண்ணணும்மா. பூவும் இன்னும்..."

"அதெல்லாம் நான் பாத்துக்கறேன். நாலு மணிக்குத்தானே வண்டி? அதுவரைக்கும் நீ எந்திரிக்கக் கூடாது."

உட்கார்ந்தார். முதலில் கையை எங்கே வைப்பதென்று தெரியவில்லை. மடியில் வைத்துக்கொண்டார். இத்தனை கிட்டத்தில் அண்ணனின் முகத்தைப் பார்த்து எத்தனை நாளாயிற்று! மனைவி நேற்றுக் காலையில்தான் சவரம் செய்துவிட்டிருந்தாள் போல, தாடைக்குக் கீழே இரண்டு மூன்று நரை மட்டும் தப்பி நின்றது. வாசலில் யாரோ அவரைத் தேடினார்கள். தங்கை என்னவோ சொல்லி அனுப்பிவிட்டாள்.

மூன்று மணிக்கு மனைவி வந்து, காலையிலிருந்து ஒன்றும் சாப்பிடவில்லையே, ஒரு வாயாவது சாப்பிடுங்கள் என்றாள்.

"அப்புறம்" என்றார். நாற்காலியை இன்னும் கொஞ்சம் கட்டில் பக்கமாக இழுத்துப் போட்டுக்கொண்டார்.